சிவப்புப் பட்டை எங்கே வர வேண்டும்? வண்ணத்துப்பூச்சி இறக்கைகளின் மரபியல்

மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள வெப்பமண்டலக் காடுகளில் ஹெலிகோனியஸ் எராட்டோ, ஹெலிகோனியஸ் மெல்போமினி என இரண்டு வண்ணத்துப்பூச்சிச் சிற்றினங்கள் வாழ்கின்றன. ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பே தனித்தனிக் கிளைகளாகப் பிரிந்துவிட்ட இவை தமக்குள் இணைசேர்வதில்லை. ஆனால் ஒரே காட்டில் பறக்கும் எராட்டோவையும் மெல்போமினியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பழகாத கண்ணுக்கு அவை ஒரே பூச்சியாகவே தெரியும். அங்கிருந்து சில நூறு கிலோமீட்டர் தள்ளிச் சென்றால் எராட்டோவின் கோலம் முற்றிலும் மாறியிருக்கும்; மெல்போமினியும் அதே மாதிரி மாறியிருக்கும். ஓரிடத்தில் கறுப்பு முன்னிறக்கையின் குறுக்கே ஓர் அகன்ற சிவப்புப் பட்டை, இன்னோரிடத்தில் மஞ்சள் பட்டையும் பின்னிறக்கையில் விரியும் செங்கதிர்களும் என்று, நிலப்பரப்பு முழுவதும் இரண்டும் இணை பிரியாமல் உருமாறிக்கொண்டே போகின்றன.

இதன் காரணத்தைப் பறவைகளிடம் தேட வேண்டும். அமேசான் காடுகளில் 1848 முதல் 1859 வரை பூச்சிகளைச் சேகரித்த ஹென்றி வால்டர் பேட்ஸ், சுவையான பூச்சிகள் சில, கெட்ட சுவையுள்ள பூச்சிகளின் தோற்றத்தைப் போலி செய்து பிழைக்கின்றன என்று 1862இல் எழுதினார். பிரேசிலில் வாழ்ந்த ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் முல்லர் 1879இல் இன்னொரு படி மேலே சென்றார். இரண்டு சிற்றினங்களுமே உண்ணத் தகாதவையாக இருந்தால், ஒரே தோற்றத்தை வைத்திருப்பது இரண்டுக்குமே ஆதாயம். இளம் பறவை ஒன்று பாடம் கற்றுக்கொள்வதற்காகச் சாகும் பூச்சிகளின் இழப்பை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. ஹெலிகோனியஸ் பூச்சிகளின் உடலில் சயனைடை வெளியிடும் சேர்மங்கள் இருப்பதால் அவை இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகின்றன. பெரு நாட்டில் இரு வேறு கோலங்கள் சந்திக்கும் எல்லையில் ஜேம்ஸ் மாலட்டும் நிக் பார்ட்டனும் எராட்டோ பூச்சிகளைப் பிடித்து, குறியிட்டு, எல்லையின் மறுபுறத்தில் விட்டுப் பார்த்தார்கள். அந்நியக் கோலத்துடன் விடப்பட்டவற்றின் பிழைப்பு, உள்ளூர்க் கோலம் கொண்டவற்றோடு ஒப்பிட ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது என்று 1989இல் வெளியிட்டார்கள். இயற்கைத் தேர்வை இவ்வளவு கடுமையாக, இவ்வளவு நேரடியாகக் காட்டில் அளந்த ஆய்வுகள் அதிகமில்லை.

பறவை தேர்ந்தெடுக்கிறது என்பது தெளிவு. தேர்ந்தெடுக்கப்படும் மாறுபாடு மரபணுத்தொகுதியில் எங்கே இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. இதற்கு விடை காண ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

இறக்கையை நுண்ணோக்கியில் பார்த்தால், கூரையில் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறி நிற்கும் செதில்கள் வரிசை வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு செதிலும் ஒரே ஒரு செல்லிலிருந்து உருவாவது. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரே நிறம். ஹெலிகோனியஸில் கறுப்பு மெலனினால் வருகிறது. சிவப்பும் ஆரஞ்சும் ஓம்மோகுரோம் என்னும் நிறமிகளால் வருகின்றன. ஆகவே கோலம் என்பது, கூட்டுப்புழுவுக்குள் இருக்கும் இறக்கையில் ஒவ்வொரு செதில் செல்லும் தான் எந்த நிறத்தை எடுப்பது என்று செய்யும் முடிவுகளின் தொகுப்பே. அந்த முடிவு செல் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஃபிரெட் நிஜ்ஹவுட் 1980இல் வெளியிட்ட சோதனையில், இறக்கையில் கண்புள்ளி தோன்றவிருந்த இடத்தின் நடுவிலுள்ள சில செல்களை எடுத்து இறக்கையின் வேறோரிடத்தில் ஒட்டவைத்தபோது, வழக்கமாக எதுவும் தோன்றாத அந்த இடத்தில் புதிய கண்புள்ளி ஒன்று உருவானது. நடுவிலுள்ள செல்கள் அனுப்பும் சைகையைச் சுற்றியுள்ளவை கேட்டு நடக்கின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறு சோதனையை நான் அறியேன்.

மரபணுவைத் தேடும் வழி கலப்புகளில் தொடங்குகிறது. ஒரே சிற்றினத்தில் வெவ்வேறு கோலம் கொண்ட இரு இனங்களை இணைசேர்த்து, பேரப் பிள்ளைத் தலைமுறையில் எந்தக் கோலக்கூறு எந்தக் குரோமோசோம் துண்டோடு சேர்ந்து பயணிக்கிறது என்று கணக்கிட வேண்டும். எழுதுவதற்கு ஒரு வாக்கியத்தில் முடிகிற இந்த வேலை, செய்வதற்கு ஆண்டுக்கணக்கில் நீளும். ஹெலிகோனியஸ் புழுக்கள் பேஷன் பழக்கொடியின் குடும்பத்தைச் சேர்ந்த தாவரங்களை மட்டுமே தின்னும் என்பதால், பூச்சி வளர்ப்பதற்கு முன் கொடி வளர்க்க வேண்டும். புழுக்கள் அண்டையிலுள்ள முட்டைகளையும் சிறிய புழுக்களையும் தின்றுவிடும் என்பதால் முட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்க வேண்டும். வளர்ந்த பூச்சிகள் மகரந்தம் உண்டு பல மாதங்கள் உயிர் வாழ்பவை. எனவே வலைக்கூண்டில் எப்போதும் பூக்கள் இருக்க வேண்டும், ஒவ்வொரு பூச்சியின் இறக்கையிலும் பேனாவால் எண் எழுதி எது எதனோடு இணைசேர்ந்தது என்று ஏட்டில் குறிக்க வேண்டும். பனாமாவிலுள்ள ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தின் கம்போவா வளர்ப்பகங்களில் இந்த வேலை பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. பரிணாம மரபியலாளரின் நாள் பெரும்பாலும் கணினித் திரையின் முன் கழிகிறது என்று நினைப்பவர்களுக்கு, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் எறும்பை விரட்டுவதும் அதில் எவ்வளவு பெரிய பங்கு என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்த உழைப்பு இல்லாமல் கணினியில் ஏற்றுவதற்குத் தரவே இருக்காது.

இயற்கை இங்கே ஓர் உதவியும் செய்திருக்கிறது. வண்ணத்துப்பூச்சிகளில் பெண்ணின் முட்டை உருவாகும்போது குரோமோசோம்களுக்கு இடையே துண்டு மாற்றம் நடப்பதில்லை. தாயிடமிருந்து ஒவ்வொரு குரோமோசோமும் முழுதாகவே வருகிறது. ஆகவே ஒரு கோலக்கூறு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்பதைத் தாய் வழியிலும், அதற்குள் எந்த இடம் என்பதைத் தந்தை வழியிலும் கண்டுகொள்ளலாம். இவ்வாறு தேடியபோது ஹெலிகோனியஸின் 21 குரோமோசோம்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களே அத்தனை கோல வகைகளுக்கும் பெருமளவு பொறுப்பு என்பது தெரியவந்தது. எராட்டோவில் கிடைத்த அதே இடங்கள் மெல்போமினியிலும் கிடைத்தன.

சிவப்புக்கு உரிய இடத்தில் 2011இல் அடையாளம் காணப்பட்டது ஆப்டிக்ஸ் என்னும் மரபணு. பழ ஈயில் இது கண் வளர்ச்சியில் பங்கேற்கும் மரபணு. ஓம்மோகுரோமும் பூச்சிகளின் கண்ணுக்கு நிறம் தரும் நிறமிதான். கண்ணில் பல காலமாக வேலை செய்துவந்த ஒரு மரபணு இறக்கையிலும் வேலைக்கு வந்துவிட்டது. இதைக் கண்ணால் காண விரும்புபவர், இளம் கூட்டுப்புழுவை மெழுகுத் தட்டில் ஊசியால் நிறுத்தி, உப்புக் கரைசலுக்குள் வைத்து, நுண்ணோக்கியின் கீழ் அதன் மேல்தோலை இடுக்கியால் மெல்ல உரிக்க வேண்டும். உள்ளே இறக்கை ஈரக் காகிதம்போல் மெலிந்து, நிறமே இல்லாமல் இருக்கும். சற்று அழுத்தினாலும் கிழிந்துவிடும். ஒரு மரபணு இயங்கும்போது அதன் நகலாக ஆர்என்ஏ உருவாகும். ஆப்டிக்ஸின் ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொள்ளும் சாயத்தை அதில் ஏற்றினால், சில நாட்களுக்குப் பிறகு சிவப்பு வரவிருக்கும் பட்டையும் கதிர்களும் அதே வடிவில், அதே எல்லையோடு தோன்றும். சிவப்புப் பட்டையுள்ள இனத்தில் பட்டையாகவும், கதிருள்ள இனத்தில் கதிராகவும் தெரியும். ஆனால் ஆப்டிக்ஸ் உருவாக்கும் புரதம் இனத்துக்கு இனம் வேறுபடுவதில்லை. வேறுபடுவது, அந்த மரபணு எந்தச் செல்லில் எப்போது இயங்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் அண்டை டிஎன்ஏ பகுதிகள்தான். ஒரு புரதத்தையே மாற்றினால் கண்ணும் சேர்ந்து கெடும்; ஒழுங்குபடுத்தும் பகுதியை மாற்றினால் இறக்கையில் மட்டும் மாற்றம் வரும். சில மரபணுக்களே திரும்பத் திரும்பப் பரிணாமத்தின் கையில் அகப்படுவதற்கு இது முக்கியமான காரணம் என்று கருதுகிறேன்.

டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறை வந்த பிறகு இதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. 2017இல் ஆப்டிக்ஸை நீக்கிய ஹெலிகோனியஸ் பூச்சிகளில் சிவப்பு இருந்த இடமெல்லாம் கறுப்பாயிற்று. ஆங்கிலத்தில் பக்ஐ (buckeye) என்று அழைக்கப்படும் ஜுனோனியா வண்ணத்துப்பூச்சியில் அதை நீக்கியபோது எதிர்பாராமல் மின்னும் நீலம் தோன்றியது. பட்டையின் வடிவத்தைத் தீர்மானிக்கும் டபிள்யூஎன்டிஏ என்னும் சைகை மரபணுவிலும் இதே சோதனை நடந்தது. 2019இல் வெளியான ஆய்வில், ஒரே கோலம் கொண்ட எராட்டோவிலும் மெல்போமினியிலும் அதை நீக்கியபோது இரண்டிலும் ஒரே விளைவு வரவில்லை. வெளியே ஒன்றாகத் தெரியும் இரு கோலங்களுக்கு உள்ளே வெவ்வேறு வளர்ச்சிப் பாதைகள் இருக்கின்றன. பறவை பார்ப்பது முடிவை மட்டுமே என்பதால், அங்கே போய்ச் சேரும் வழி எதுவானாலும் இயற்கைத் தேர்வுக்குப் போதும்.

ஒரே கோலத்தை எட்ட இன்னும் சுருக்கமான வழி ஒன்றும் இருக்கிறது. மெல்போமினியின் மரபணுத்தொகுதி 2012இல் வெளியிடப்பட்டபோது, அதன் நெருங்கிய உறவான ஹெலிகோனியஸ் டிமரேட்டாவுடன் கோல மரபணுப் பகுதிகள் கலப்பின் வழியாகப் பரிமாறப்பட்டிருப்பது தெரிந்தது. அரிதாக நிகழும் கலப்பில் பிறந்த பூச்சி ஒன்று, பல்லாயிரம் தலைமுறைகளில் சோதிக்கப்பட்ட கோலத்தை அப்படியே அடுத்த சிற்றினத்துக்குக் கொண்டுசேர்த்துவிடுகிறது. எராட்டோவுக்கும் மெல்போமினிக்கும் இடையே இது நடக்கவில்லை. அவை தத்தம் வழியிலேயே வந்துசேர்ந்தன.

ஆசியாவின் காமன் மார்மன் வண்ணத்துப்பூச்சி, அதாவது பாபிலியோ பாலிடெஸ், வேறொரு புதிரை முன்வைத்தது. அதன் ஆண்கள் எல்லாம் ஒரே தோற்றம். பெண்களில் சில ஆணைப்போலவும், மற்றவை நச்சுள்ள ரோஸ் வகைப் பூச்சிகளைப்போலவும் இருக்கும். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1865இலேயே இதை விவரித்தார். இலங்கையில் இப்பூச்சிகளை வளர்த்துக் கலப்பு செய்த ஃபிரையர், இந்த வேறுபாடு எளிய மரபு விதிப்படி கடத்தப்படுகிறது என்று 1913இல் காட்டினார். இறக்கையின் நிறம், புள்ளிகள், வடிவம் எல்லாம் ஒன்றாக மாறுவதால், அடுத்தடுத்து நெருங்கி அமைந்த பல மரபணுக்களின் கூட்டம் ஒன்று இதற்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. கிருஷ்ணமேக் குண்டேவும் மார்கஸ் குரோன்ஃபோர்ஸ்டும் சக ஆய்வாளர்களும் 2014இல் கண்டது டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணுவை. ஆண், பெண் உடல் வேறுபாட்டை வகுக்கும் அதே மரபணு இது. போலித்தோற்றம் தரும் வடிவத்தில் இதைச் சுற்றியுள்ள டிஎன்ஏ துண்டு தலைகீழாகத் திரும்பியிருப்பதால், அதிலுள்ள மாற்றங்கள் மற்ற வடிவத்தோடு கலந்து சிதறாமல் ஒன்றாகவே கடத்தப்படுகின்றன.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் கதை, கார்டெக்ஸ் என்ற மரபணுவைப் பற்றியது. ஹெலிகோனியஸின் மஞ்சள், வெள்ளைக் கூறுகளை ஆளும் பகுதி 15ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 2016இல் ஒரே இதழில் வெளியான இரு ஆய்வுகள் அங்குள்ள கார்டெக்ஸையே சுட்டின. ஒன்று ஹெலிகோனியஸில், மற்றது, தொழிற்புரட்சிக் காலத்து இங்கிலாந்தில் கறுப்பு வடிவம் பெருகியதால் பாடநூல்களில் இடம்பிடித்த மிளகு அந்துப்பூச்சியில். அந்தக் கறுப்புக்குக் காரணம், கார்டெக்ஸுக்குள் வந்து செருகிக்கொண்ட, ஏறத்தாழ 22,000 எழுத்து நீளமுள்ள இடம்பெயரும் டிஎன்ஏ துண்டு என்றும், அது 1819ஐ ஒட்டி நிகழ்ந்திருக்கலாம் என்றும் கணித்தார்கள். கார்டெக்ஸ் விசித்திரமான தேர்வாகவே தெரிந்தது; பழ ஈயில் அது முட்டை உருவாகும் செல் பிரிவோடு தொடர்புடையது, நிறத்தோடு எந்தச் சம்பந்தமும் அறியப்படாதது. ஆனாலும் கிரிஸ்பரால் அதை வெட்டியபோது கறுப்புச் செதில்கள் மஞ்சளாகவும் வெள்ளையாகவும் மாறியதால் ஐயம் தணிந்தது.

முழுமையாகத் தணியவில்லை. இந்தச் சோதனையில் மயிரிழைபோல் இழுத்த கண்ணாடி ஊசியால், இட்டுச் சில மணி நேரமே ஆன முட்டைக்குள் கிரிஸ்பர் கரைசல் செலுத்தப்படுகிறது. பல முட்டைகள் பொரிவதே இல்லை. பொரிந்தவற்றிலும் சில செல்களில் மட்டுமே வெட்டு நிகழ்ந்திருக்கும். அதனால் இடது இறக்கை மாறி வலது இறக்கை மாறாத பூச்சிகள் பிறக்கும். வெட்டப்பட்ட துண்டும் எப்போதும் எண்ணிய அளவிலேயே இருக்காது. கார்டெக்ஸின் உள்ளே குறிவைத்த வெட்டு, அங்கேயே அமைந்திருக்கும் வேறெதையும் சேர்த்துச் சேதப்படுத்தியிருந்தால், விளைவு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. வளர்ப்பகத்தில் தானாகத் தோன்றிய, வெளிறிய நிறமுள்ள மெல்போமினி ஒன்றின் மரபணுத்தொகுதியில் இந்தப் பகுதியிலேயே ஒரு பெரிய துண்டு காணாமல் போயிருந்ததும் இந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தியது.

2024இல் விடை கிடைத்தது. அந்தப் பகுதியில் புரதம் எதையும் உருவாக்காத மிக நீண்ட ஆர்என்ஏ ஒன்று உருவாகிறது. அதற்கு ஐவரி என்று பெயரிட்டார்கள். அதை நீக்கினால் கறுப்பு மறைந்தது. ஜுனோனியாவில் பருவத்துக்குப் பருவம் இறக்கை நிறம் மாறுவதையும் அதுவே ஆள்வது தெரிந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அன்டோனியா மான்டெய்ரோவின் குழு இன்னும் நுணுகிச் சென்று, அதே பகுதியிலுள்ள புரத மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தது. கார்டெக்ஸ் உட்பட எதுவும் நிறத்தின் முதன்மை ஆளுநராக இல்லை. எம்ஐஆர்-193 என்னும் நுண் ஆர்என்ஏவை நீக்கியபோதுதான் கரு நிறம் போயிற்று. பெரும்பாலும் ஐவரியிலிருந்தே வெட்டி எடுக்கப்படுவதாகக் கருதப்படும் இந்தச் சிறு துணுக்கு, பல நிறமி மரபணுக்களை நேரடியாக அடக்குகிறது. ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகிய வண்ணத்துப்பூச்சிக் கிளைகளிலும் அதன் வேலை இதுவே.

ஆகவே 2016இல் குறிக்கப்பட்ட பகுதி சரியானது. அதற்குச் சூட்டிய பெயர்தான் அண்டை வீட்டாருடையது. கலப்புகளும் மரபணுத்தொகுதி ஒப்பீடும் ஆய்வாளரைக் கொண்டுபோய் விடுவது டிஎன்ஏவின் ஒரு நீட்சியில்; அந்த நீட்சிக்குள் பழக்கமான பெயருள்ள மரபணு ஒன்று இருந்தால் கண் முதலில் அதன்மேல்தான் விழும், புரதம் ஆக்காத ஆர்என்ஏக்களோ பல மரபணுப் பட்டியல்களில் குறிக்கப்படுவதுகூட இல்லை. இப்போது வெவ்வேறு குழுக்கள் பழைய வரைபடங்களை எடுத்து, புரத மரபணுக்களுக்கு இடையே வெற்றிடம் என்று விட்டுவைத்த பகுதிகளில் எவ்வகை ஆர்என்ஏ உருவாகிறது என்று கூட்டுப்புழு இறக்கைகளில் மணிக்கணக்கு வாரியாக அளந்துவருகின்றன. அதற்கும் கொடி வளர்க்க வேண்டும், முட்டை பொறுக்க வேண்டும், ஒவ்வொரு முட்டையிலும் ஊசி போட வேண்டும்.