அரை பேண்டுக்கு 58 புள்ளிகள்

கனடாவில் நிரந்தர வசிப்புரிமை கோரி எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் பெயர் பதியும் இருவரை நினைத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது 29. திருமணமாகவில்லை. இருவரும் முதுகலைப் பட்டதாரிகள். கனடாவுக்கு வெளியே மூன்றாண்டு வேலை அனுபவம் உள்ளவர்கள். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கில மொழித் தேர்வில் வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய மூன்றிலும் இருவருமே 7 பேண்ட் (அந்தத் தேர்வின் மதிப்பெண் நிலை) வாங்கியிருக்கிறார்கள். கேட்டலில் மட்டும் ஒருவருக்கு 8, மற்றவருக்கு 7.5. முதலாமவரின் தரவரிசைப் புள்ளி 469. இரண்டாமவருடையது 411.

அரை பேண்ட் குறைந்ததற்கு 58 புள்ளிகள் போயிருக்கின்றன. கேட்டல் பகுதியில் ஒன்றிரண்டு விடைகள் தவறியதால் ஏற்பட்ட இழப்பு இது. இது கணக்குப் பிழையன்று. அட்டவணை அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஏன் அப்படிக் கட்டினார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் இந்த முறையின் பெரும்பகுதி புரிந்துவிடும். ஆனால் அதற்கு முன் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

குடியேறுவோரைத் தேர்ந்தெடுக்கும் உலகின் முதல் புள்ளி முறை 1967 அக்டோபர் 1 அன்று கனடாவில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு ஒருவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் அதிகாரியின் கையில் இருந்தது. அதற்கும் முன்னால், விண்ணப்பதாரர் எந்த இனத்தைச் சேர்ந்தவர், எந்த நாட்டவர் என்பதே முதல் கேள்வி. 1962-இல் அந்த இனப் பாகுபாட்டின் பெரும்பகுதி விதிகளிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் விதியில் நீக்கிய பாகுபாடு அதிகாரியின் மனத்திலிருந்தும் நீங்கியதா என்பதை யாராலும் சோதிக்க முடியவில்லை. குடியேற்றத் துறையின் தலைமை அதிகாரியாக இருந்த டாம் கென்ட் காலத்தில் வந்த புதிய விதிகள் இந்த இடைவெளியை எண்களால் அடைத்தன. மொத்தம் 100 புள்ளிகள்; 50 எடுத்தால் தேர்ச்சி. கல்விக்கும் பயிற்சிக்கும் 20, தொழிலுக்கு இருக்கும் தேவைக்கு 15, வயதுக்கு 10, மொழிக்கு 10 என்று பங்கு பிரித்தார்கள். நேர்காணலில் அதிகாரி தன் மதிப்பீட்டில் கொடுக்கக்கூடியதும் 15 புள்ளிகள் இருந்தன. அதிகாரியின் விருப்பு வெறுப்பை முழுவதும் விலக்க முடியவில்லை. அதற்கு ஓர் எல்லை கட்டினார்கள். என் பார்வையில் அந்த எல்லைதான் 1967-இன் உண்மையான சாதனை. அடுத்த பத்தாண்டுகளில் ஆசியாவிலிருந்தும் கரீபியன் தீவுகளிலிருந்தும் கனடாவுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை பெருகியதற்கு இந்த முறை ஒரு முக்கியமான காரணம்.

அந்த முறையில் ஒரு குறை ஒளிந்திருந்தது. அது வெளிப்பட நாற்பது ஆண்டுகள் பிடித்தன. தேர்ச்சி மதிப்பெண் என்பது ஒரு வாக்குறுதி. பிற்காலத்தில் 100-க்கு 67 எடுத்தவர் தகுதியானவர் என்று சட்டம் சொல்லியது. ஆனால் ஓர் ஆண்டில் எத்தனை பேரை ஏற்பது என்பதற்குத் தனியாக ஒரு வரம்பு இருந்தது. தகுதி பெறுவோர் வரம்பைவிட அதிகமாக இருந்தால் என்ன ஆகும்? வரிசை நீளும். முதலில் வந்தவர் முதலில், என்பதால் நேற்று விண்ணப்பித்த சிறந்த பொறியாளர், ஐந்து ஆண்டுகளுக்கு முன் 67-ஐ ஒட்டித் தேறியவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். கடைசியில் 2012-இல் கனடா நாடாளுமன்றம் 2008 பிப்ரவரி 27-க்கு முன் விண்ணப்பித்துத் தீர்வு கிடைக்காதவர்களின் கோப்புகளைச் சட்டம் போட்டு மூடியது. குடும்பத்தினரையும் சேர்த்து ஏறத்தாழ 2,80,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். காத்திருந்த ஆண்டுகளை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. விதிப்படி விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்கள் அவர்கள். அந்த முடிவை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

தீர்வு நியூசிலாந்திலிருந்து வந்தது. 2003-இல் அந்த நாடு விண்ணப்பத்தை இரண்டாக உடைத்தது. முதலில் ஒருவர் தன் விவரங்களைப் பதிந்து, வர விரும்புவதாக மட்டும் தெரிவிப்பார். அந்தப் பதிவுகள் ஒரு தொகுப்பில் கிடக்கும். அரசு அவ்வப்போது அதிலிருந்து மேலே இருப்பவர்களை அழைக்கும். அழைக்கப்பட்டவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரேலியா 2012 ஜூலையில் ஸ்கில்செலக்ட் என்ற பெயரிலும், கனடா 2015 ஜனவரி 1 அன்று எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற பெயரிலும் இதே ஏற்பாட்டை எடுத்துக்கொண்டன. தொகுப்பில் இருப்பவருக்கு அரசு எதையும் உறுதி அளிக்கவில்லை. கனடாவில் பதிவு 12 மாதங்கள் உயிரோடு இருக்கும்; அழைப்பு வராவிட்டால் தானாகக் காலாவதியாகும். ஆகவே தொகுப்பில் இருப்பவர்களால் நீண்டகால நிலுவை உருவாக வழியில்லை.

இந்த மாற்றத்தோடு புள்ளியின் பொருளும் மாறிவிட்டது. முன்பு புள்ளி என்பது தேர்வு மதிப்பெண். இப்போது அது வரிசையில் நிற்கும் இடம். பலர் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டுவிட்டு, கட்-ஆஃப் எண்ணை அரசு நிர்ணயித்த தகுதி அளவு என்று நினைத்து மனம் உடைகிறார்கள். உண்மையில் அரசு முடிவு செய்வது அழைக்கப்படுவோரின் எண்ணிக்கையை. இந்தச் சுற்றில் 3,000 பேர் என்று முடிவானால், கணினி தொகுப்பை மேலிருந்து கீழாக அடுக்கி 3,000-ஆவது ஆளிடம் நிறுத்தும். அவருடைய புள்ளி எதுவோ அதுவே அன்றைய கட்-ஆஃப். எண்ணிக்கையைக் கூட்டினால் கட்-ஆஃப் இறங்கும். இரண்டு சுற்றுகளுக்கு இடையே நீண்ட இடைவெளி விட்டால், அதற்குள் உயர்ந்த புள்ளியோடு பலர் சேர்ந்துவிடுவார்கள், கட்-ஆஃப் ஏறும்.

தொடக்கத்தில் பார்த்த இருவரையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 2017 மே 31 அன்று நடந்த சுற்றில் கட்-ஆஃப் 413. அன்று தொகுப்பில் இருந்திருந்தால் 469 எடுத்தவருக்கு எளிதாக அழைப்பு வந்திருக்கும். 411 எடுத்தவர் இரண்டே புள்ளிகளில் தவறவிட்டிருப்பார். 2024 தொடக்கத்தில் பொதுச் சுற்றுகளின் கட்-ஆஃப் 540-ஐ ஒட்டி இருந்தது. அப்போது இருவருக்குமே வாய்ப்பில்லை. அவர்களுடைய படிப்போ திறமையோ இந்த ஏழு ஆண்டுகளில் மதிப்பிழந்துவிடவில்லை. அவர்களுக்கு மேலே நிற்பவர்கள் பெருகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

எதிர்த்திசையில் இதைவிட வியப்பான நாள் ஒன்று உண்டு. கொரோனாவால் எல்லைகள் மூடிக்கிடந்த நேரம். அந்த ஆண்டுக்குக் கனடா வைத்திருந்த இலக்கு 4,01,000 பேர். வெளியிலிருந்து ஆட்கள் வர முடியாது என்பதால், கனடாவிலேயே வேலை செய்து அனுபவம் பெற்றவர்கள் பக்கம் அரசு திரும்பியது. 2021 பிப்ரவரி 13 அன்று அந்தப் பிரிவில் 27,332 பேரை ஒரே சுற்றில் அழைத்தார்கள். கட்-ஆஃப் 75. மொத்தம் 1,200 புள்ளிகள் கொண்ட அட்டவணையில் 75! மாகாண நியமனச் சுற்றுகளில் கட்-ஆஃப் 700-ஐத் தாண்டுவதைப் பார்த்து அஞ்சுபவர்களும் உண்டு. ஒரு மாகாணம் நியமித்தவருக்கு 600 புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். 735 என்பது அங்கே 135-தான்.

இனி அந்த 58 புள்ளிகளுக்கு வருவோம். கனடாவின் 1,200-இல் முதல் 500 வயது, கல்வி, மொழி, கனடா வேலை அனுபவம் ஆகியவற்றுக்கானது. இந்த நான்கும் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டுக் கூட்டப்படுகின்றன. நம் இருவருக்கும் வயதுக்கு 110, முதுகலைக்கு 135. மொழியை நான்கு திறன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கனடிய மொழி அளவுகோலில் ஒரு நிலைக்கு மாற்றுவார்கள். கேட்டலில் 8 பேண்ட் என்றால் ஒன்பதாம் நிலை, 31 புள்ளிகள். 7.5 என்றால் எட்டாம் நிலை, 23 புள்ளிகள். இங்கே இழப்பு 8 மட்டுமே.

மீதி 50 அடுத்த பகுதியில் போகிறது. இந்தப் பகுதிக்கு மொத்தம் 100 புள்ளிகள். திறன்கள் ஒன்றோடொன்று சேரும்போது கிடைக்கும் பலனை அளப்பது இதன் வேலை. பட்டம் பெற்றவர் மொழியிலும் வல்லவராக இருந்தால் அந்தப் பட்டம் வேலைச் சந்தையில் செல்லுபடியாகும். மொழி தடுமாறினால் அதே பட்டம் பாதி முடங்கிவிடும் என்பது இதன் அடிப்படைக் கருத்து. முதுகலையோடு நான்கு திறன்களிலும் ஒன்பதாம் நிலை இருந்தால் 50 புள்ளிகள். ஏதேனும் ஒன்று எட்டாம் நிலைக்கு இறங்கினால் 25. மூன்றாண்டு வெளிநாட்டு அனுபவத்துக்கும் இதே கணக்கு: 50 அல்லது 25. நான்கின் சராசரியை இங்கே எடுப்பதில்லை. மிகக் குறைந்த ஒன்றுதான் கணக்கு. ஆகவே கேட்டலில் சறுக்கிய அரை பேண்ட், பட்டத்தையும் அனுபவத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுகிறது. 25-ம் 25-ம் 8-ம் சேர்ந்தால் 58.

கருத்து சரியானதே. மொழி இல்லாத பட்டம் வேலைச் சந்தையில் தடுமாறும் என்பது அனுபவ உண்மை. கனடாவில் குடியேறியவர்களின் பதிவுகளையும் அவர்களின் வருமான வரிப் பதிவுகளையும் இணைத்து வைத்திருக்கும் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. யார் வந்து எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பதைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர அது வழிசெய்கிறது. மொழி, இளமை, உள்நாட்டு அனுபவம் ஆகியவற்றுக்கு இவ்வளவு எடை கிடைத்ததற்கு அத்தகைய ஆய்வுகளே ஆதாரம். எனக்கு ஒப்பாதது படிக்கட்டின் வடிவம். உண்மையான திறமை சரிவுப்பாதை போல மெல்ல ஏறும். அட்டவணையோ ஒரு படியில் செங்குத்தாக ஏறுகிறது. 7.5-க்கும் 8-க்கும் இடையே ஒருவரின் ஆங்கிலத்தில் இருக்கும் வேறுபாடு, அன்றைய தூக்கத்தைப் பொறுத்துக்கூட மாறக்கூடியது.

வயதும் இதே போன்ற படிக்கட்டுதான். தனியாக விண்ணப்பிப்பவருக்குக் கனடாவில் 20 முதல் 29 வரை முழுதாக 110. 30-இல் 105, 35-இல் 77, 40-இல் 50, 45-இல் சுழி. தொகுப்பில் காத்திருக்கும்போது பிறந்தநாள் வந்தால் புள்ளி தானாகக் குறையும். ஆஸ்திரேலியாவில் படிகள் குறைவு, உயரம் அதிகம். 25 முதல் 32 வரை 30 புள்ளிகள், 33-ஆம் பிறந்தநாளில் 25, நாற்பதாவதில் 15. அழைப்பு வரும் நாளில் இருக்கும் வயதே அங்கே கணக்கு. எத்தனை ஆண்டுகள் உழைத்து வரி கட்டுவார் என்பதுதான் இதன் பின்னாலுள்ள கணக்கு என்பது வெளிப்படை. அந்தக் கணக்கில் ஒரு மனிதரின் முதிர்ச்சிக்கு இடமில்லை.

திருமணமானவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கனடாவில் துணையும் உடன் வந்தால், முதன்மை விண்ணப்பதாரரின் 500-இல் 40 புள்ளிகள் துணையின் கல்விக்கும் மொழிக்கும் கனடா அனுபவத்துக்கும் போய்விடும். இருவரில் யாரை முதன்மையாக வைப்பது என்பதே மொத்தப் புள்ளியைப் பெரிதும் மாற்றும். ஆகவே இரு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லா நாடுகளும் போட்டி வரிசையை நம்பவில்லை. வரிசையைக் கண்டுபிடித்த நியூசிலாந்தே 2023 அக்டோபரில் அதைக் கைவிட்டது. ஆறு புள்ளிகள் எடுத்தால் போதும். முனைவர் பட்டத்துக்கு மட்டுமே ஆறும் கிடைத்துவிடும். பட்டம் குறைவாக இருந்தால் அங்கே வேலை பார்த்த ஆண்டுக்கு ஒன்று என்று மூன்று வரை கூட்டிக்கொள்ளலாம். ஆனால் உள்நாட்டில் திறன்மிகு வேலை கையில் இருக்க வேண்டும். ஜப்பானில் உயர்திறன் வல்லுநர்களுக்கு 70 புள்ளிகள் இருந்தால் மூன்று ஆண்டுகளிலும், 80 இருந்தால் ஓராண்டிலும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அடுத்தவர் எவ்வளவு எடுத்தார் என்பது அங்கே பொருட்டே இல்லை.

எந்த அட்டவணையும் தான் அளப்பதைத் தவிர வேறொன்றையும் பார்க்காது. மருத்துவப் பட்டத்துக்கு உயர்ந்த புள்ளி கொடுக்கும் அதே நாட்டில், மருத்துவராகப் பணியாற்ற உரிமம் வழங்குவது வேறோர் அமைப்பு. அது இந்தப் புள்ளியைக் கண்டுகொள்வதில்லை. அழைத்து வந்த பின் பயிற்சிக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்கவைப்பது, தேர்வு முறையின் மிகப் பெரிய பொய் வாக்குறுதி என்று நான் கருதுகிறேன். வேறொரு நோயும் உண்டு. அளவுகோல் இலக்காகிவிட்டால் அது நல்ல அளவுகோலாக இருப்பதில்லை என்பதைப் பொருளியலில் குட்ஹார்ட் விதி என்பார்கள். கனடா முதலில் வேலை உத்தரவு வைத்திருந்தால் 600 புள்ளிகள் கொடுத்தது. 2016 நவம்பரில் அதை 50 அல்லது 200 ஆகக் குறைத்தது. புள்ளிக்காகவே வேலை உத்தரவை விலைக்கு விற்கும் கூட்டம் முளைத்ததால் 2025 மார்ச் 25 முதல் அந்தப் புள்ளிகளை முழுவதுமாக நீக்கியது. நேர்மையாக வேலை பெற்றவர்களும் ஒரே நாளில் 50 அல்லது 200 புள்ளிகளை இழந்தார்கள்.

2023 முதல் கனடா தொகுப்பைத் துண்டு துண்டாகவும் பார்க்கிறது. மருத்துவப் பணி, கைத்தொழில், பிரெஞ்சு மொழி என்று பிரிவு வகுத்து, அந்தப் பிரிவுக்குள் மட்டும் வரிசைப்படுத்தி அழைக்கிறார்கள். பிரெஞ்சுச் சுற்றுகளில் கட்-ஆஃப் 400-க்குக் கீழே இறங்கியதும் உண்டு. 411-இல் நிற்கும் நம் இரண்டாமவருக்கு, ஆங்கிலத் தேர்வை மறுபடி எழுதுவதோடு இப்படியும் ஒரு வழி இருக்கிறது. பிரெஞ்சு கற்க ஓராண்டுக்கு மேல் ஆகலாம். வயதுப் புள்ளி அதற்குள் குறையும். இரண்டையும் எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கட்-ஆஃபில் ஒரே புள்ளியோடு பலர் நின்றால், யார் முன்பு பதிந்தார் என்று நாளும் நேரமும் பார்த்துப் பிரிப்பார்கள். கனடாவில் புதிய தேர்வு முடிவைச் சேர்த்துப் பதிவைத் திருத்தினாலும் முதலில் பதிந்த நேரம் மாறாது. பதிவை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினால் அந்த நேரம் போய்விடும்.