கிணற்றடியும் பஸ் தரிப்பும்

கார்த்திகை மழை விட்ட மறுநாள் காலை கொக்குவில் ஒழுங்கை ஒன்றில் நடந்து பாருங்கள். எந்த வளவில் மண் இருக்கிறது, எந்த வளவில் சீமெந்து போட்டிருக்கிறார்கள் என்று படலையைத் திறக்காமலே சொல்லிவிடலாம். மண் வளவு இரவோடிரவாக அத்தனை தண்ணீரையும் குடித்து முடித்திருக்கும். சீமெந்து வளவின் மதிலடி ஓட்டையால் மட்டும் தண்ணீர் இன்னும் பாய்ந்துகொண்டே இருக்கும். அது வெள்ளவாய்க்காலுக்குப் போய், அங்கிருந்து கடலேரியில் கலந்துவிடும்.

அந்தத் தண்ணீரை இழந்தால் நமக்கு வேறு வழியில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறுகூட மழைக்காலத்தில் மட்டுமே ஓடுகிறது. கிணற்றில் நாம் அள்ளுவதெல்லாம் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கிய மழைதான். அந்த நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு அதிகம். அதனால் கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம்வரை உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும். கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கண்டறிந்த கணக்கு இது. மறுபக்கமும் உண்டு. மேலே ஓர் அடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து 40 அடி உவர் ஏறிவரும். பக்கத்துக் கிணறு சவராவது இப்படித்தான்.

நம்முடைய அளவிலேயே கணக்குப் பார்க்கலாம். ஒரு பரப்பு என்பது சுமார் 253 சதுர மீற்றர். ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் மழை என்று வைத்தால், ஒரு பரப்பில் மட்டும் மூன்று இலட்சம் லீற்றர் விழுகிறது. பெரும் பகுதி ஆவியாகவும் மரங்கள் வழியாகவும் வானத்துக்கே திரும்பிவிடும். மிஞ்சியது நிலத்துக்குள் இறங்குகிறது. வெறுங்காணி என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் தரவையும் வயலும் பனங்காணியும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. கூலி கேட்காமல் செய்வதால் நம் கண்ணில் படுவதில்லை.

அப்படியானால் வீடே கட்டக்கூடாதா? பிள்ளைகளுக்கு வீடு வேண்டும். எங்கே கட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பஸ் இந்தக் கதைக்குள் வருவது அங்கேதான்.

பஸ்ஸுக்காக மனிதர் மனமுவந்து நடக்கும் தூரம் ஏறத்தாழ 400 மீற்றர், அதாவது ஐந்து நிமிட நடை. ஒரு தரிப்பிடத்தை நடுவில் வைத்து அந்தத் தூரத்துக்கு வட்டம் போட்டால் உள்ளே ஏறத்தாழ 2,000 பரப்பு அடங்கும். வீட்டுக்கு நான்கு பரப்பு என்று பிரித்தால், வீதிகளைக் கணக்கில் எடுக்காமலே, 500 வீடுகளோடு வட்டம் நிறைந்துவிடும். இரண்டு பரப்பில் மாடிவீடாகக் கட்டினால் அதே 500 குடும்பங்களுக்குப் பாதி வட்டமே போதும். மீதி ஆயிரம் பரப்பு மழைக்கு.

வீடுகள் சிதறினால் நடப்பது வேறு. தரிப்பிடத்துக்கு ஆள் குறையும், அதனால் பஸ் மணிக்கு ஒன்றாகும். நேரம் தெரியாமல் வந்து நிற்பவருக்குச் சராசரியாக அரை மணி நேரம் காத்திருப்பு. இரண்டு தடவை வெயிலில் நின்றவர் மூன்றாம் தடவை மோட்டார்சைக்கிள் வாங்கத் தவணைக்கட்டணம் விசாரிப்பார். பஸ்ஸில் ஆள் இன்னும் குறையும். மோட்டார்சைக்கிள் வந்தபின் தரிப்பிடம் அருகில் இருக்கவேண்டிய தேவையும் இல்லை. அடுத்த காணி வயலுக்குள் வாங்கப்படும். பிறகு அந்த வயலுக்கு மண் நிரப்பி, கொங்கிறீற் வீதி போட்டு, மதகையும் அடைத்துவிடுவோம்.

நமக்குக் கையில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015இல் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று நிலையங்கள் நெருக்கமாக இருக்கின்றன. காங்கேசன்துறை வீதியும் தண்டவாளத்தை ஒட்டியே போகிறது. புது வீடுகள் இந்த நிலையங்களைச் சுற்றி நெருங்கட்டும், வயல்கள் வயல்களாகவே இருக்கட்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் ஒரு கண்டிப்பான நிபந்தனையோடு. நெருக்கமான வீடுகள் ஒவ்வொன்றும் தன் கிணற்றையும் மலசலகூடக் குழியையும் தனித்தனியே வைத்திருந்தால், சிதறிய வீடுகளைவிட ஆபத்து அதிகம். சுண்ணாம்புக்கல் மணல்போல் வடிகட்டுவதில்லை. குழியின் அழுக்கும் நைத்திரேற்றும் வெடிப்பு வழியே விரைவாகக் கிணற்றுக்கு வந்துவிடும். நெருங்கிய குடியிருப்புக்குப் பொதுக் கழிவுநீர்க் குழாய் கட்டாயம். வீடுகள் நெருங்கினால் வீட்டுக்கு வீடு குழாயின் நீளம் குறையும், செலவும் குறையும். சிதறிய ஊருக்கு அந்தக் குழாயை யாராலும் போட்டுக் கட்டுப்படியாகாது.

எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் ஒரு சிறு கேணி இருக்கிறது. போன ஐப்பசியில் நாலைந்து பேர் சேர்ந்து அதன் வாய்க்காலில் கிடந்த கட்டிடக் கல்லையும் பிளாஸ்ரிக்கையும் அள்ளினோம். முதல் பெருமழைக்குக் கேணி முட்டியது. நான்காம் நாள் போய்ப் பார்த்தபோது தண்ணீர் இரண்டு படி இறங்கியிருந்தது, அதை யாரும் இறைக்கவில்லை.