இங்கிலாந்தின் பழங்காடுகளில் நடக்க உங்களுக்கு உள்ள உரிமை

ஏப்ரல் பிற்பாதியில் இங்கிலாந்தின் பழைய காடுகளில் ப்ளூபெல் என்ற நீலநிறக் காட்டுப்பூ பூக்கத் தொடங்கியதும் குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கே போகிறார்கள். புதிதாகப் போகிறவர்களுக்கு எப்போதும் ஒரு தயக்கம் இருக்கும். இது யார் இடம், உள்ளே போகலாமா, டிக்கெட் வாங்க வேண்டுமா, யாராவது வந்து திருப்பி அனுப்பினால் என்ன செய்வது? பெரும்பாலான இடங்களில் பதில் எளியது: போகலாம், நடப்பதற்குக் கட்டணம் இல்லை, கார் நிறுத்தத்தான் காசு கேட்பார்கள். ஆனால் எந்த உரிமையின் பேரில் நடக்கிறோம் என்பது பாதைக்குப் பாதை வேறுபடும். ஒரே காட்டுக்குள் பத்து நிமிட நடையில் மூன்று விதமான பாதைகளைக் கடந்துவிடலாம். இங்கே சொல்வது இங்கிலாந்துச் சட்டம் மட்டும். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி இதைவிடப் பரந்த உரிமை உண்டு.

1600-ஆம் ஆண்டிலிருந்து இடைவிடாமல் காடாகவே இருந்து வரும் நிலத்தைத்தான் இங்கிலாந்தில் பழங்காடு என்று வகைப்படுத்துகிறார்கள். அவற்றில் சில, 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய இயற்கைக் காப்பகங்களாக அறிவிக்கப்பட்டவை. ‘தேசிய’ என்றதும் அரசு நிலம் என்று நினைக்க வேண்டாம். பர்ன்ஹாம் பீச்சஸ் என்ற காடு 1880 முதல் லண்டன் சிட்டி மாநகராட்சியின் கையில் இருக்கிறது. ஒரு காலத்தில் அரசர்களின் வேட்டைக்காடாக இருந்த ஹாட்ஃபீல்ட் ஃபாரஸ்ட், நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குச் சொந்தம். முக்கியமாக ஒன்று: காப்பகம் என்று அறிவிப்பதாலேயே பொதுமக்களுக்கு நடக்கும் உரிமை வந்துவிடாது. அந்த அறிவிப்பு காட்டையும் அதில் வாழும் உயிர்களையும் காப்பதற்கானது. நடக்கும் உரிமை வேறு வழிகளில் வருகிறது.

அவற்றில் வலுவானது பொதுவழி. கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது நடப்பவர்களுக்கான பொதுப்பாதை. நீல அம்பு என்றால் நடப்பவர்களோடு குதிரையும் சைக்கிளும் வரலாம். சட்டத்தின் பார்வையில் இந்தப் பாதைகள் நெடுஞ்சாலைக்குச் சமம். நிலம் யாருடையதாக இருந்தாலும், எத்தனை முறை கைமாறினாலும் உங்கள் உரிமை அப்படியே நிற்கும். சட்டப்படி உத்தரவு பெறாமல் உரிமையாளர் அதை மூடவோ திருப்பிவிடவோ முடியாது. உள்ளூர்க் கவுன்சில் வைத்திருக்கும் அதிகாரபூர்வ வரைபடத்தில் ஒரு பாதை இருந்தால், அதுவே முடிவான சான்று. நாட்டின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் இவை பச்சைக் கோடுகளாகத் தெரியும். கிளம்புவதற்கு முன் அந்த வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

இரண்டாவது, 2000-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த திறந்தவெளி உரிமை. மலை, மேட்டுப் புல்வெளி, ஹீத் எனப்படும் புதர்நிலம், பதிவான பொதுநிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் காலாற நடக்கலாம். இந்தப் பட்டியலில் காடு இல்லை என்பது பலருக்கும் தெரியாது. நில உரிமையாளர் தாமாக முன்வந்து இதே சட்டத்தின் 16-ஆம் பிரிவின் கீழ் காட்டைப் பொதுமக்கள் நடப்பதற்கென அர்ப்பணித்தால்தான் அங்கே இந்த உரிமை உண்டு. வனத்துறை ஆணையம் தனக்கு முழு உரிமையுள்ள காடுகளை இப்படித் திறந்துவிட்டிருக்கிறது. அங்கேயும் உரிமை நடப்பதற்கு மட்டும்தான். கூடாரம் அடிப்பதும் தீ மூட்டுவதும் அதில் சேராது. ஆண்டுக்கு 28 நாட்கள் வரை உரிமையாளர் இந்த உரிமையை நிறுத்தி வைக்கவும் முடியும்.

மூன்றாவது, அனுமதிப் பாதை. உரிமையாளரோ காப்பகத்தை நடத்துபவர்களோ மனமுவந்து விட்டிருக்கும் வழி இது. வரைபடத்தில் ஆரஞ்சுக் கோடாக இருக்கும். அனுமதியைத் திரும்பப் பெற்றால் உங்களுக்கு வழக்காட இடமில்லை. பொதுமக்கள் தடையில்லாமல் 20 ஆண்டுகள் ஒரு வழியைப் பயன்படுத்தினால் அது பொதுவழி ஆகிவிட வாய்ப்புண்டு. ‘இது அனுமதிப் பாதை’ என்ற பலகையை வைப்பதும், சில இடங்களில் வருடத்தில் ஒருநாள் கதவைப் பூட்டுவதும் அதைத் தவிர்க்கத்தான். அந்த ஒரு நாளில் போய் நின்றால் கோபம் வரலாம், ஆனால் அதில் சட்டமீறல் எதுவும் இல்லை.

எப்பிங் ஃபாரஸ்ட் இந்த வகைகளுக்குள் அடங்காது. அதற்கென்றே 1878-இல் தனிச்சட்டம் வந்தது. காட்டை வேலி போட்டு வளைத்துக்கொண்டே வந்த நில உரிமையாளர்களை எதிர்த்து உள்ளூர் மக்களும் லண்டன் சிட்டி மாநகராட்சியும் போராடி, 1874-இல் நீதிமன்றத் தீர்ப்பும் பெற்ற பிறகு வந்த சட்டம் அது. வேலியில்லாமல், கட்டடமில்லாமல், மக்கள் இளைப்பாறும் திறந்தவெளியாகவே காட்டை வைத்திருக்க வேண்டும் என்பது மாநகராட்சியின் கடமை. லண்டன் பெருநகரத்தின் விளிம்பில் இவ்வளவு பெரிய காடு இன்றும் மிஞ்சியிருக்கிறது என்றால் அதற்கு இந்தச் சட்டம்தான் காரணம். அதை நினைக்கும்போதெல்லாம் அந்த மக்கள் மேல் நன்றி பெருகுகிறது.

இனி, ‘ஈஸி ட்ரெயில்’ என்று பலகை போட்டிருக்கும் எளிய பாதைகள். முட்டிவலி உள்ள பெரியவர்கள், தள்ளுவண்டியில் குழந்தை, சக்கர நாற்காலி என்று வருகிறவர்களுக்கு இவைதான் காட்டின் வாசல். எப்பிங்கில் கனாட் வாட்டர் ஏரியைச் சுற்றி இப்படியொரு பாதை இருக்கிறது. கெட்டிப்படுத்திய தளம், ஏற்ற இறக்கம் குறைவு, தண்ணீரைப் பார்த்தபடியே போகலாம். எல்லாக் காப்பகமும் இப்படிப் பாதை போட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் மக்களுக்குச் சேவை தருகிற அமைப்புகள், மாற்றுத்திறனாளிகளுக்காக நியாயமான மாற்றங்களைச் செய்ய வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் சொல்கிறது. பொதுவழிகளில் வேலியைத் தாண்டி ஏறி இறங்கும் மரப்படிகளுக்கு அனுமதி தரும்போது, நடக்கச் சிரமப்படுபவர்களின் தேவையைக் கவுன்சில் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. ஆகவே படியை எடுத்துவிட்டுக் கதவு வையுங்கள் என்று எழுதிக் கேட்பது சலுகை கேட்பதாகாது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

நடக்கச் சிரமப்படுபவர்கள் ஓட்டும் மொபிலிட்டி ஸ்கூட்டரில் போகலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். போகலாம். ‘வாகனங்களுக்கு அனுமதியில்லை’ என்ற விதி, சட்டத்துக்கு உட்பட்ட சக்கர நாற்காலிக்கும் ஸ்கூட்டருக்கும் பொருந்தாது. நடைபாதையில் மணிக்கு 4 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் உரிமை இருப்பதும் பாதை தாங்குவதும் வேறு வேறு. மழைக்குப் பிறகு களிமண் பாதையில் சக்கரம் புதைந்துவிடும். கிளம்பும் முன் காப்பக அலுவலகத்துக்கு போன் செய்து, வழியில் என்ன விதமான கதவு, எவ்வளவு அகலம், உட்கார எங்கெங்கே பெஞ்ச் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதை எத்தனை மைல் என்பதைவிட இந்த மூன்றும்தான் முக்கியம்.

பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று எழுதியிருந்தால் அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஷெர்வுட் காட்டில் உள்ள மேஜர் ஓக் என்ற பழமையான மரத்தைப் பார்க்க வந்தவர்கள் ஆண்டாண்டு காலமாக அடிமரத்தைச் சுற்றி நின்றதால் மண் இறுகிப்போனது. இறுகிய மண்ணில் வேருக்குக் காற்றும் தண்ணீரும் போய்ச் சேராது. அதனால்தான் 1970-களில் அதைச் சுற்றி வேலி போட்டார்கள். ப்ளூபெல்லும் அப்படித்தான். படம் எடுக்கப் பூக்களின் நடுவே கால் வைத்தால் இலை நசுங்கும். நசுங்கிய இலை உணவு தயாரிக்காது, கிழங்கு மெலியும், அந்த இடம் திரும்பப் பூக்க வருடங்கள் ஆகும்.

பூ, காளான் பறிப்பது பற்றியும் சட்டம் உண்டு. தானாக வளர்ந்த பூவையோ பழத்தையோ காளானையோ சொந்த உபயோகத்துக்குப் பறிப்பது திருட்டாகாது என்கிறது 1968-ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டம். விற்பதற்காகப் பறித்தால் திருட்டு. உரிமையாளரின் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இதற்கும் மேல் காப்பகங்களுக்குத் தனி உள்விதிகள் இருக்கும். எப்பிங்கில் காளான் பறிக்கவே கூடாது. விழுந்து கிடக்கும் மரத்தையும் நகர்த்தாதீர்கள், அதற்குள்தான் அரிய வண்டுகள் வளர்கின்றன.

நாயோடு போகிறவர்களுக்கு: திறந்தவெளி உரிமை உள்ள இடங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மேல் நீளாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கு அதுதான் அடைகாக்கும் காலம். ஆடுமாடு மேயும் இடத்தின் அருகே வருடம் முழுவதும் இதே விதி.

பொதுவழியில் முள்கம்பி, பூட்டிய கதவு, அடுக்கி வைத்த மரக்கட்டை என்று ஏதாவது மறித்தால், படம் எடுத்து, வரைபடத்தில் இடத்தைக் குறித்து, அந்தப் பகுதிக் கவுன்சிலின் பொதுவழிப் பிரிவுக்கு அனுப்புங்கள். பாதையைக் காப்பது 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி அவர்களின் கடமை. பதில் வராவிட்டால் அதே சட்டத்தின் 130ஏ பிரிவின் கீழ் முறைப்படி நோட்டீஸ் கொடுக்கலாம். என்ன நடவடிக்கை எடுக்கப் போகிறார்கள் என்று ஒரு மாதத்துக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் கழித்தும் தடை அப்படியே இருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை அணுக வழி உண்டு. இதற்கு நீங்கள் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.