எம்.எஸ்.: போன பார்வை எவ்வளவு திரும்பும், எப்போது சொல்ல முடியும்?

கண் பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு மருந்துப் புட்டிக்குச் சிவப்பு மூடி இருக்கும். பார்வை நரம்புப் பிரச்சினையோடு யார் வந்தாலும் நான் முதலில் கையில் எடுப்பது அந்த மூடியைத்தான். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கச் சொல்வேன், அப்புறம் மறு கண்ணை. தில்லி ஆர்.கே. புரத்திலிருந்து அம்மாவோடு வந்திருந்த ஒரு பெண் வலது கண்ணால் பார்த்து, "நல்ல குங்குமச் சிவப்பு" என்றார். இடது கண்ணால் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார். "துவைச்சுத் துவைச்சுச் சாயம் போன துணி மாதிரி இருக்கு டாக்டர்."

அவருக்கு 31 வயது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கால் மரத்துப்போய், எம்.ஆர்.ஐ. எடுத்து, மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான்கு நாள் முன்பு இடது கண்ணை அசைத்தால் உள்ளே வலித்திருக்கிறது. மறுநாள் மங்கல். என்னிடம் வந்தபோது பலகையின் உச்சியில் இருக்கும் ஒரே பெரிய எழுத்துதான் தெரிந்தது, அதாவது 6/60: 60 மீட்டரில் தெரிய வேண்டியது 6 மீட்டரில்தான் தெரிகிறது. (6/6 என்றால் சாதாரணப் பார்வை.) டார்ச் வெளிச்சத்தை வலது கண்ணிலிருந்து இடது கண்ணுக்கு மாற்றினால், சுருங்க வேண்டிய பாப்பா விரிந்தது. ஆனால் கண்ணுக்குள் பார்த்தால் நரம்பின் முனை சாதாரணமாகவே இருந்தது. இது எம்.எஸ்.ஸால் வரும் பார்வை நரம்பு அழற்சி. அது வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு அப்படித்தான். அழற்சி கண்ணுக்குப் பின்னால் இருப்பதால் முனையில் எதுவும் தெரியாது. "கண்ணில் ஒன்றுமில்லை, கண்ணாடியை மாற்றுங்கள்" என்று அனுப்பப்பட்டு, வாரக்கணக்கில் அலைந்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கும்.

அம்மா கேட்டது ஒரே கேள்வி. "கண்ணு முழுசா வந்துடுமா? எத்தனை பர்சென்ட் வரும்?"

முதல் நாளில் அந்தக் கேள்விக்கு நான் எண் சொல்வதில்லை. ஏன் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பார்வை நரம்பில் ஏறக்குறைய 10 முதல் 12 லட்சம் இழைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. எம்.எஸ்.ஸில் உடலின் எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைத் தாக்குகிறது. உறை போனால் சிக்னல் நின்றுவிடும். ஆனால் இழை பிழைத்திருந்தால், அழற்சி அடங்கிய பிறகு சிக்னல் மறுபடி ஓடும், மெதுவாகவேனும். இழையே அறுந்துவிட்டால் அது திரும்ப முளைக்காது. முதல் வாரத்தில் இந்த இரண்டும் நோயாளிக்கு ஒரே மங்கலாகத்தான் தெரியும். தில்லியில் பெருமழை பெய்தால் மின்ட்டோ பாலத்தின் அடியில் தண்ணீர் தேங்கி வண்டி எல்லாம் நின்றுவிடும். கீழே ரோடு நன்றாக இருக்கிறதா, பெயர்ந்துவிட்டதா என்பது தண்ணீர் வடிந்தால்தான் தெரியும். நரம்பும் அப்படித்தான்.

பயப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 1988 முதல் 1991 வரை 457 பேரைச் சேர்த்து நடத்திய பார்வை நரம்பு அழற்சி சிகிச்சை ஆய்வில், ஒரு வருடம் கழித்து பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பாதித்த கண்ணிலேயே 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வை இருந்தது. 6/60-க்கும் கீழே போய் வந்தவர்களில்கூட, ஆறு மாதம் கழித்தும் அங்கேயே நின்றுவிட்டவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோருக்கு 3 வாரத்துக்குள் முன்னேற்றம் தொடங்கியது. ரத்தக் குழாய் வழியே ட்ரிப்பில் ஸ்டீராய்டு கொடுத்தவர்களுக்குப் பார்வை சீக்கிரம் வந்தது, ஆனால் கடைசியில் வந்து சேர்ந்த அளவு ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். குறைந்த அளவு பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நோய் மறுபடி வருவது அதிகமானது. கடையில் கேட்டு வாங்கி நான்கு மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் சகஜம். கண் விஷயத்தில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். நம் ஊரில் எம்.எஸ்.ஸைப் போலவே தொடங்கும் வேறு நோய்கள் கணிசமாக உண்டு. பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. (நியூரோமைலிடிஸ் ஆப்டிகா) என்பது அதில் ஒன்று. அக்வாபோரின்-4 என்ற புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருளால் வருவது, 2004-இல்தான் அந்த எதிர்ப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் பார்வை தானாகத் திரும்பும் என்று காத்திருந்தால் கண்ணே போய்விடலாம். உடனே அதிக அளவு ஸ்டீராய்டு வேண்டும், போதாவிட்டால் தாமதிக்காமல் ரத்தத்தின் திரவப் பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை வேண்டும். இன்னொன்று மாக் எதிர்ப்பொருள் நோய்; மயலின் உறையில் உள்ள மாக் என்ற புரதத்தை எதிர்ப்பொருள் தாக்குவது. பல சமயம் இரண்டு கண்ணின் நரம்பு முனையும் சேர்ந்து வீங்கி வரும், பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கேட்கும். ஆகவே இரண்டு கண்ணும் ஒரே சமயத்தில் போனால், வெளிச்சம்கூடத் தெரியாத அளவுக்குப் போனால், நிற்காத விக்கலோ வாந்தியோ முன்னால் வந்திருந்தால், 5 வாரம் ஆகியும் துளிகூட முன்னேற்றம் இல்லாவிட்டால், "எம்.எஸ்.தான்" என்று ஏற்கெனவே எழுதியிருந்தாலும் இந்த எதிர்ப்பொருள்களுக்கான ரத்தப் பரிசோதனைகளைக் கேளுங்கள். வலியே இல்லாமல் இரண்டு கண்ணிலும் நிறம் குறைந்தால், டி.பி.க்கு எத்தாம்பியூட்டால் சாப்பிடுகிறீர்களா என்று நான் கட்டாயம் கேட்பேன்; அந்த மருந்தும் பார்வை நரம்பைப் பாதிக்கலாம்.

சரி, கணிப்பு எப்போது சாத்தியம்? என் அனுபவமும் ஆய்வுகளும் ஒன்றாகச் சொல்வது ஒரு மாதம். அன்றைக்கு இருக்கும் பார்வை, முதல் நாள் பார்வையைவிட நம்பகமாக ஆறாம் மாதத்தைக் காட்டிவிடும். எழுத்து மட்டும் போதாது. வெளிறிய சாம்பல் எழுத்துப் பலகை, நிறம், பார்வைப் பரப்பு எல்லாவற்றையும் அன்று பார்க்க வேண்டும்.

கூடவே ஓ.சி.டி. ஸ்கேன். ஒளியால் விழித்திரையின் அடுக்குகளை அளக்கும் இந்த முறை 1991-இல் வந்தது. ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடம். பார்வை நரம்புக்குள் நுழையும் இழைகளின் அடுக்கு சாதாரணமாக 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்கும். 2006-இல் வெளிவந்த ஒரு ஆய்வு, அது 75-க்குக் கீழே இறங்கியவர்களுக்குப் பார்வை முழுதாகத் திரும்பவில்லை என்று காட்டியது. ஆனால் நோய் வந்த புதிதில் நரம்பு வீங்கியிருந்தால் இந்த அளவு நன்றாகவே தெரியும், கூடுதலாகக்கூடத் தெரியும். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து "நார்மல்" என்று நிம்மதி அடைந்த குடும்பங்களிடம் மூன்று மாதம் கழித்து வேறு எண்ணைச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. அந்த இழைகள் புறப்படும் நரம்புச் செல் அடுக்கு வீங்குவதில்லை. அது முதல் சில வாரங்களிலேயே மெலிந்தால், இழப்பு நிலைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதனால்தான் நான் முதல் நாளே ஒரு ஓ.சி.டி. எடுத்து வைக்கிறேன், பின்னால் ஒப்பிட. கண் பார்ப்பதன் சிக்னல் மூளைக்குப் போய்ச் சேருவதை அளக்கும் வி.இ.பி. பரிசோதனையும் உதவும்: சிக்னல் தாமதமாக வந்தால் உறை போயிருக்கிறது, அலை சிறுத்தால் இழையே போயிருக்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம்.

அந்தப் பெண்ணுக்கு மூன்று நாள் ட்ரிப்பில் மெத்தில்பிரெட்னிசோலோன் போனது. ஒரு மாதத்தில் 6/9. இரண்டரை மாதத்தில் 6/6, கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் மட்டும் சந்தோஷப்படவில்லை. "டாக்டர், வெள்ளைத் தட்டுல இருக்கிற இட்லியோட ஓரம் தெரியல. இடது கண்ணால பாத்தா தட்டும் இட்லியும் ஒண்ணாயிடுது."

அவர் சொன்னது அப்படியே சரி. பலகையில் இருப்பது கறுப்பு எழுத்து, வெள்ளைப் பின்னணி. வாழ்க்கை அப்படி இல்லை. படிக்கட்டின் ஓரம், அந்தி நேரத்தில் சாம்பல் நிற ரோட்டில் வரும் சாம்பல் நிற ஆட்டோ, எதிரில் நிற்பவரின் முகச்சுளிப்பு, எல்லாம் மெல்லிய வேறுபாட்டில்தான் இருக்கின்றன. 6/6 என்று எழுதி ஃபைலை மூடிவிடும் மருத்துவர்கள் மீது எனக்குள்ள வருத்தம் இதுதான். நோயாளி "இன்னும் சரியில்லை" என்றால், மனப்பிரமை என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். இரண்டு கண்ணின் சிக்னலும் ஒரே நேரத்தில் போய்ச் சேராததால் ஓடும் வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிக்கவும் சிலர் தடுமாறுவார்கள். முனிர்க்கா பக்கம் வெளிவட்டச் சாலையைக் கடக்கும்போது தன்னை அறியாமல் தம்பி கையைப் பிடித்துக்கொள்வதாக அவர் சொன்னது இதனால்தான்.

மே மாதத்தில் பதறிப்போய் போன் செய்தார். மலை மந்திர் முருகன் கோவில் படி ஏறி மேலே போனதும் இடது கண்ணில் விளக்கெல்லாம் மங்கிவிட்டது, மறுபடி வந்துவிட்டதோ என்று பயம். நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் அரை மணியில் தெளிந்திருக்கிறது. உடல் சூடானால் உறை போன இழைகளில் சிக்னல் தடைபடும். இதை 1890-இல் விவரித்த ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊத்தோஃப் பெயரால்தான் இன்றும் அழைக்கிறார்கள். புது இழப்பு எதுவும் இல்லை. தில்லி வெயிலில் இது அடிக்கடி நடக்கும். காலையில் சீக்கிரம் வெளியே போவது, குளிர்ந்த தண்ணீர், ஈரத் துண்டு போதும். ஆனால் காய்ச்சல் இல்லாமல், புதிய மங்கல் 24 மணி நேரத்தைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது.

வீட்டில் சோதிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணிக்கு ஒருமுறை கண்ணைப் பொத்திப் பார்த்தால் மனம்தான் நொந்துபோகும். வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், குங்குமச் சிமிழை ஒவ்வொரு கண்ணாலும் பார்த்துத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். என்னிடம் வரும்போது அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள். தமிழிலேயே எழுதுங்கள். இரண்டாவது மொழியில் "மங்கல்" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுவதை, "சாயம் போன துணி", "பால் கண்ணாடி வழியா பாக்கிற மாதிரி" என்று சொந்த மொழியில் சொல்லும்போது எனக்குப் பாதி நோய் விளங்கிவிடுகிறது.

ஆறாம் மாதம் அந்தப் பெண்ணின் இழை அடுக்கு 82 மைக்ரான். வலது கண்ணில் 98. அம்மா அதே கேள்வியைக் கேட்டார், இந்த முறை பதில் சொன்னேன். எழுத்து இப்படியே நிற்கும். மெல்லிய வேறுபாடு ஒரு வருடம் வரை இன்னும் கொஞ்சம் தெளியலாம், முன்பு இருந்த அளவுக்கு வராது. எம்.எஸ். மருந்தை விடாமல் எடுத்துக்கொண்டால் அடுத்த தாக்குதல் வரும் வாய்ப்பைக் குறைக்கலாம். மகள் குறித்துக்கொண்டார். அப்புறம் அலுவலகத்தில் ஜன்னலைப் பார்த்த இருக்கையை மாற்றித் தர ஒரு கடிதம் வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன்.