படி: வீட்டிலேயே இருந்தால் உண்டா?

2020 ஏப்ரல். பிரிட்டனில் ஊரடங்கு தொடங்கி இரண்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கடைகள் மூடிக் கிடந்தன. வேலை நின்றுபோனவர்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை அரசே கொடுக்கும் என்று அறிவித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு செய்தி வந்தது. எம்.பி.க்களும் அவர்களுடைய பணியாளர்களும் வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக, ஓர் எம்.பி.க்கு 10,000 பவுண்டு கூடுதலாக ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதுதான் அது. மொத்தம் 650 எம்.பி.க்கள். பெருக்கிப் பார்த்தால் 65 லட்சம் பவுண்டு. போதாக்குறைக்கு, அதே ஏப்ரல் 1 முதல் அவர்களுடைய ஆண்டுச் சம்பளமும் 79,468 பவுண்டிலிருந்து 81,932 பவுண்டாகக் கூடியிருந்தது. கேட்கவா வேண்டும்? நாடே கொதித்தது.

இந்தச் செய்தியைத் தமிழில் ஒரு வரியில் சொல்லச் சொன்னால், நம்மில் பெரும்பாலோர் 'வீட்டிலிருந்து வேலை செய்ய எம்.பி.க்களுக்கு 10,000 பவுண்டு படி' என்றுதான் சொல்வோம். அலவன்ஸ் என்றால் படி. பயணப்படி, அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி என்று அரசு ஆணைகளில் பார்த்துப் பழகிய சொல். யோசிக்காமல் கைக்கு வந்துவிடும். யோசித்தால்தான் சிக்கல் தெரிகிறது.

'படி' என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அரிசி அளக்கிற படி. அரைப்படி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் அந்தக் குடும்பம். கூலியைக் காசாகக் கொடுக்காமல் தானியமாக அளந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. வேலை செய்தவனுக்கு அன்றைய சாப்பாட்டுக்கு இத்தனை படி என்று அளப்பார்கள். சம்பளப் பட்டியலில் வரும் 'படி' இந்த அளவைப் பாத்திரத்திலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன். 'நமக்குப் படியளக்கிறவன் அவன்' என்று ஆண்டவனையும் சொல்வோம், முதலாளியையும் சொல்வோம். கோயில்களில் அன்றாடப் பூசைக்கும் நிவேதனத்துக்கும் இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு என்று வகுத்து வைத்த அளவுக்குப் படித்தரம் என்று பெயர்.

படிக்காசு என்று இன்னொரு சொல்லும் உண்டு. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியார்களுக்குச் சோறு போடுவதற்காகச் சம்பந்தருக்கும் அப்பருக்கும் சிவன் தினம் ஒரு காசு கொடுத்தார் என்பது கதை. அப்பர் வாங்கியது முழு மதிப்புள்ள காசு. சம்பந்தர் வாங்கிய காசுக்குக் கடைக்காரர்கள் வட்டம் பிடித்தார்கள், அதாவது மதிப்பில் கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள். அதனால் அவருடைய மடத்தில் சாப்பாடு தாமதமானது. அப்பர் உழவாரம் பிடித்து உடம்பால் உழைத்தவர், அதனால்தான் அவருக்கு நல்ல காசு என்று காரணம் சொல்வார்கள். எம்.பி.க்களின் படியைப் பற்றி யார் சண்டை போட்டாலும் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வருகிறது. பஞ்ச காலத்தில், பிறருக்குச் சோறு போட, நாள் கணக்கில் கொடுத்தது படிக்காசு. அகவிலைப்படிக்கு முன்பு பஞ்சப்படி என்ற பெயரே புழங்கியது.

சரி, பேச்சு வழக்கில் இதே பொருளில் புழங்கும் 'பேட்டா'வுக்கு வருவோம். லாரி ஓட்டுநர், கல்யாணத்துக்குப் போகும் வேன் டிரைவர், சினிமா படப்பிடிப்பில் லைட் பிடிக்கிறவர், எல்லோருக்கும் இந்தச் சொல் தெரியும். கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குகளில் இது 'பட்டா' என்று இருந்தது. நிலப் பட்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முகாமை விட்டுப் படையெடுப்புக்குப் போகும் அதிகாரிகளுக்குச் சம்பளத்துக்கு மேல் கொடுத்த தொகை அது. கன்னடத்தில் நெல்லுக்கு 'பத்த' என்று பெயர், அதிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. அது சரியென்றால் நம்முடைய படியும் வெள்ளைக்காரனின் பட்டாவும் ஒரே நெல் மூட்டையில் போய் முட்டுகின்றன. 1766-இல் ராபர்ட் கிளைவ், வங்காளத்தில் இரட்டைப் பட்டா வாங்கிக்கொண்டிருந்த அதிகாரிகளுக்கு அதை நிறுத்தினார். அவர்கள் கூட்டமாக ராஜினாமா செய்யப் போவதாக மிரட்டினார்கள். ஆக, படிக்காக ஆங்கிலேயர்கள் அடித்துக்கொண்டது 2020-இல் புதிதாக நடந்ததில்லை.

நாமக்கல் பக்கம் லாரி ஓட்டிய என் மாமாவின் டாஷ்போர்டில் ஒரு நீள நோட்டு இருக்கும். அதற்குள் ரப்பர் பேண்ட் போட்டு டீசல் பில், டோல் சீட்டு, பஞ்சர் கடைத் துண்டுச் சீட்டு எல்லாம் செருகியிருப்பார். டிரிப் முடிந்ததும் முதலாளி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக் கணக்கு முடிப்பார். பேட்டாவுக்கு மட்டும் சீட்டு கிடையாது. "வழியில நான் பரோட்டா தின்னேனா, பட்டினி கிடந்தேனான்னு அவருக்கு எதுக்கு?" என்பார் மாமா. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. நீண்ட டிரிப்பாக இருந்தால், 'ரிப்பேர் ஏதாவது வந்தால் ஐயாயிரம் வரை என்னைக் கேட்காமல் நீயே பார்த்துக்கோ' என்று முதலாளி சொல்லி அனுப்புவார். ரிப்பேர் வரவில்லை என்றால் அந்த ஐயாயிரம் மாமாவுக்கு இல்லை.

இதில் பேட்டா மட்டும்தான் படி. சீட்டு காட்டி வாங்குவது செலவுக் கணக்கு. ஐயாயிரம் ஒரு வரம்பு.

ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. 'அலவன்ஸ்' என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்குப் பின்னால் இரண்டு லத்தீன் சொற்கள் உண்டு. ஒன்றுக்குப் பாராட்டுதல் என்று பொருள், மற்றொன்றுக்கு ஒதுக்குதல். பிரெஞ்சில் இரண்டும் ஒலியால் ஒன்றாகிவிட்டன. ஒதுக்கியதை ஏற்றுக்கொள்வது, ஏற்றுக்கொண்டதை அனுமதிப்பது என்று பொருள் நகர்ந்தது. 'எக்ஸ்பென்ஸ்' என்பதன் மூலம் எடை போட்டுக் கொடுப்பது. உலோகத்தை நிறுத்துக் கொடுத்துக் கடன் தீர்த்த காலத்துச் சொல். அவர்கள் நிறுத்தார்கள், நாம் அளந்தோம்.

நம்முடைய 'செலவு' இன்னும் சுவாரசியமானது. செல் என்பதிலிருந்து பிறந்த சொல். சங்கப் பாட்டில் செலவு என்றால் பயணம்தான். பொருள் தேடிப் போக நினைத்த தலைவன், தலைவியின் முகத்தைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப் போடுவதற்குச் செலவழுங்குதல் என்று துறையே வகுத்திருக்கிறார்கள். அப்புறம்தான் கையை விட்டுப் போகும் பணத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. 'பயணச் செலவு' என்று எழுதும்போது ஒரே பொருளை இரண்டு முறை எழுதுகிறோம் என்று நினைத்தால் சிரிப்பு வரும்.

படியும் அப்படித்தான் வெளியே போவதோடு ஒட்டிக்கொண்டது. வீட்டை விட்டுப் போனால் பேட்டா. படை நகர்ந்தால் பட்டா. ஊர் விட்டு ஊர் போனால் பயணப்படி. பிரிட்டிஷ் எம்.பி.க்களுக்கு 2009 வரை இருந்த 'கூடுதல் செலவுப் படி'யும் அதற்குத்தான். முதன்மை வீட்டை விட்டு இரவு தங்க வேண்டியிருந்தால் ஆகும் செலவுக்குக் கொடுத்தது. 2008-09-இல் அதன் உச்சவரம்பு 24,006 பவுண்டு.

பெயரில் படி என்று இருந்ததாலேயே அதைப் படியாக நடத்தினார்கள் என்பது என் எண்ணம். சம்பளத்தை உயர்த்தினால் மக்கள் திட்டுவார்கள் என்று அரசுகள் பயந்தன. 'சம்பளம்தான் ஏறவில்லை, இதையாவது முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள்' என்கிற மனப்போக்கு உள்ளுக்குள் வளர்ந்தது. 250 பவுண்டுக்குக் குறைந்த செலவுகளுக்குப் பல ஆண்டுகள் ரசீதே கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு மாதம் 400 பவுண்டு வரை ரசீது இல்லாமல் கோரலாம். நியாயமான விலை எது என்று பார்க்க, அலுவலர்கள் ஜான் லூயிஸ் கடையின் விலைகளை வைத்து ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். வாங்குகிறவர் அதைப் பேட்டா என்று நினைத்தார், கொடுத்த சட்டம் செலவுக் கணக்கு என்று நினைத்தது.

2009 மே மாதம் டெய்லி டெலிகிராப் நாளிதழ் அந்தக் கணக்குகளை நாள்தோறும் வெளியிட்டபோது இரண்டும் மோதின. ஒருவர் கொடுத்த செலவுப் பட்டியலில் வீட்டைச் சுற்றியுள்ள அகழியைத் தூர்வாரிய தொகை 2,000 பவுண்டுக்கு மேல் இருந்தது. இன்னொருவர் குளத்தில் வாத்துகளுக்கு ஒரு மிதக்கும் வீடு வாங்கி 1,645 பவுண்டு கேட்டிருந்தார். அதை அலுவலகம் கொடுக்க மறுத்துவிட்டது என்பதை இன்று யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, வாத்து வீடு மட்டும் நிலைத்துவிட்டது. அவைத் தலைவர் மைக்கேல் மார்ட்டின் பதவி விலகினார். 1695-க்குப் பிறகு நெருக்கடியால் விலகிய முதல் அவைத் தலைவர் அவர். பொய்க் கணக்குக் கொடுத்த சிலர் பின்னால் சிறைக்கும் போனார்கள். இதில் நான் கவனித்த சின்ன விஷயம் ஒன்று: 2009 ஏப்ரலிலேயே, அதாவது செய்தி வெடிப்பதற்கு ஒரு மாதம் முன்பே, அந்தப் படியின் பெயரிலிருந்து 'அலவன்ஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'செலவினம்' என்று பொருள்படும் சொல்லைப் போட்டிருந்தார்கள்.

எம்.பி.க்களின் கணக்கை எம்.பி.க்களே பார்க்கக் கூடாது என்று ஒரு தன்னாட்சி ஆணையத்தை உருவாக்கினார்கள். சுருக்கமாக இப்சா. 2010 மே முதல் பொறுப்பு அதனிடம். 2020-இல் 10,000 பவுண்டை அறிவித்ததும் அந்த ஆணையம்தான், எம்.பி.க்கள் வாக்களித்து எடுத்துக்கொண்டதில்லை. அலுவலகச் செலவுக்கு ஏற்கெனவே இருந்த ஆண்டு வரம்பைத்தான் 10,000 உயர்த்தினார்கள். மடிக்கணினி, அச்சுப்பொறி, கூடுதல் மின்சாரம், தொலைபேசி என்று எம்.பி.க்கும் அவருடைய பணியாளர்களுக்கும் ஆகும் செலவை அதற்குள் கோரலாம். யார் வங்கிக் கணக்கிலும் 10,000 பவுண்டு போய் விழவில்லை. மாமாவுக்கு முதலாளி சொன்ன ஐயாயிரம் மாதிரி. அந்த ஏப்ரல் 22 அன்றுதான் நாடாளுமன்றத்தில் பிரதமர் கேள்வி நேரம் முதல்முறையாகப் பாதி அவையிலும் பாதி ஜூம் திரையிலுமாக நடந்தது. தொகுதி அலுவலகத்துப் பெண் தன் சமையலறை மேசையில் உட்கார்ந்து கடிதங்களுக்குப் பதில் எழுத ஒரு கணினி வேண்டும்தான்.

அதற்காகக் கோபம் தப்பு என்று சொல்ல வரவில்லை. அதே நேரத்தில் வீட்டிலிருந்து வேலை செய்த சாதாரணத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? வாரத்துக்கு 6 பவுண்டு. 2020 ஏப்ரலில்தான் அதை 4-லிருந்து 6-ஆக ஏற்றினார்கள். அதையும் முதலாளி கொடுத்தால் உண்டு. கொடுக்காவிட்டால் அந்த 6 பவுண்டுக்கான வரிச் சலுகை மட்டும். 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு வாரம் 1 பவுண்டு 20 பென்ஸ் மிச்சம், ஆண்டுக்கு 62 பவுண்டு 40 பென்ஸ். இந்த எண்ணை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்த 6 பவுண்டுக்கு அப்போது ரசீது கேட்கவில்லை. சொல்லின் சரியான பொருளில் அதுதான் படி. எம்.பி.க்குக் கிடைத்தது படியே இல்லை.

மாமாவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். "வண்டி ஷெட்டுல நிக்கிற நாளுக்கு எவன்டா பேட்டா தருவான்?" என்றார் முதலில். கணினி வாங்கினால் பில் காட்ட வேண்டும் என்றதும், "அப்ப அது பேட்டா இல்லையே" என்று பேச்சை முடித்துவிட்டார்.

சரி, என்னதான் எழுதுவது? ரசீது இல்லாமல், கணக்குக் கேட்காமல், குறித்த அளவில் கொடுப்பதற்குப் படி என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து பணிபுரிவோருக்கு அப்படி ஏதாவது கொடுத்தால் 'வீட்டுப்பணிப் படி' என்று சுருக்கலாம். 'வீட்டுப் பணி' என்று பிரித்து எழுதினால் பாத்திரம் தேய்ப்பதாக அர்த்தமாகிவிடும், சேர்த்தே எழுத வேண்டும். இலங்கைத் தமிழில் அலவன்ஸுக்குக் 'கொடுப்பனவு' என்கிறார்கள். நல்ல சொல், கொடுப்பது என்ற வினை அதில் பளிச்சென்று தெரிகிறது. அதே காரணத்தால் இந்த 10,000-க்கு அது இன்னும் பொருந்தாது. செலவழித்த பின் திரும்பப் பெறுவதற்கு அங்கே 'மீளளிப்பு' இருக்கிறது, நாமும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். 10,000 பவுண்டு கதைக்குப் பொருந்துவது 'செலவு வரம்பு'.

'எம்.பி.க்களின் அலுவலகச் செலவு வரம்பு 10,000 பவுண்டு உயர்வு.' இப்படித் தலைப்பு வைத்தால் சரியாக இருக்கும். ஆனால் பக்கம் வடிவமைக்கிறவர் இடம் போதவில்லை என்பார். படி என்றால் இரண்டே எழுத்து.