கறுப்புக்குள் இருக்கும் ஊதா

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தங்கை இரண்டு படங்கள் அனுப்பியிருந்தாள். வீட்டெதிரே கல்யாண முருங்கை மாதிரி ஒரு மரம். இலை ஒன்றுகூட இல்லை, கிளையெல்லாம் செம்பூ. அதில் ஒரு தேன்சிட்டு. முதல் படத்தில் குருவி கரித்துண்டு மாதிரி இருக்கிறது. அடுத்த படத்தில் அதே கிளை, அதே குருவி, ஆனால் தொண்டை ஊதாவாக ஜொலிக்கிறது. “நடுவில் ஒரு நொடிகூட ஆகவில்லை அக்கா. கேமராவில் கோளாறா?” என்று கேட்டிருந்தாள்.

கேமரா நன்றாகவே இருக்கிறது, கண்ணு. நீ பிடித்தது அமெதிஸ்ட் தேன்சிட்டின் ஆண். இரண்டு படமும் உண்மைதான்.

நாம் புரட்டாசி விரதம் தொடங்கும் செப்டம்பர்தான் இங்கே இளவேனில் பிறக்கும் மாதம். மரமும் ஊர்க் கல்யாண முருங்கைக்கு நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். 1860ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்தப் பூவைப் பார்த்ததுமே ‘நம்ம கல்யாண முருங்கை’ என்று சொல்லியிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

இனி நிறத்துக்கு வருவோம். செம்பருத்தியின் சிவப்பு, மஞ்சளின் மஞ்சள் எல்லாம் சாயம். இடித்துப் பொடியாக்கினாலும் நிறம் போகாது. அந்தக் குருவியின் தொண்டையில் ஊதாச் சாயம் ஒரு துளிகூடக் கிடையாது. இருப்பது மெலனின், நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் அதே பொருள்.

இறகின் தண்டிலிருந்து இழைகள் பிரிகின்றன, இழையிலிருந்து நுண்ணிழைகள். அந்த நுண்ணிழைக்குள்தான் வேலை நடக்கிறது. மெலனின் தட்டையான துகள்களாக, தோசைமேல் தோசை அடுக்கியதுபோல் வரிசையாகக் கிடக்கிறது; இடையிடையே நம் நகத்தில் இருக்கும் கெரட்டின். ஒவ்வோர் அடுக்கும் ஒளியின் அலைநீளத்தைவிட மெல்லியது. வெயில் விழுந்ததும் ஒவ்வோர் அடுக்கும் கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கீழடுக்கிலிருந்து வருவது சற்றுக் கூடுதல் தூரம் போய்வருகிறது. அந்தக் கூடுதல் தூரம் ஊதாவின் அலைநீளத்துக்குப் பொருந்தினால் முகடும் முகடும் சேர்ந்து ஊதா ஓங்குகிறது. மற்ற நிறங்களின் அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. பள்ளியில் சோப்புக் குமிழியை வைத்துப் படித்த குறுக்கீட்டு விளைவேதான்.

அதே குருவியின் நெற்றி பச்சையாகப் பளபளக்கும். அதற்கு வேறு பொருள் தேவையில்லை. அடுக்கின் கனம் சில பத்து நானோமீட்டர் மாறினாலே ஊதா இருந்த இடத்தில் பச்சை வந்துவிடும். ஒரு தலைமுடியின் குறுக்களவே ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

தப்பி உள்ளே இறங்கும் மிச்ச ஒளியை மெலனின் விழுங்கிவிடுகிறது. அதனால்தான் ஊதா வெளிறாமல் அவ்வளவு ஆழமாகத் தெரிகிறது. குருவி தலையைத் திருப்பினால் அந்த ஊதா வேறு திசைக்குப் போய்விடும்; நம் கண்ணுக்கு மிஞ்சுவது மெலனினின் கறுப்பு. இதுதான் உன் முதல் படம்.

வீட்டில் காவடிக்கு வாங்கிய மயிலிறகு இருந்தால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நீலக்கண் மங்கி, வெறும் பழுப்பாகத் தெரியும். 1665லேயே ராபர்ட் ஹூக் மயிலிறகை நுண்ணோக்கியில் பார்த்து, நனைத்தால் அதன் நிறம் மறைவதை எழுதிவைத்தார். புத்தகத்துக்குள் வைத்த மயிலிறகு குட்டி போடும் என்று சொல்லி நம் பிள்ளைகளை இன்னமும் காத்திருக்க வைக்கிறோம். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. அந்த இறகையும் ஒரு பூதக்கண்ணாடியையும் பிள்ளையின் கையில் கொடுங்கள். திருவிழாவுக்குத் திரட்டும் பணத்தில் சிறு பங்கை ஒதுக்கினால், பக்கத்துப் பள்ளிக்கு ஒரு நுண்ணோக்கி வாங்கிவிடலாம்.

தங்கையே, நாளைக் காலை வெயில் உன் முதுகில் படும்படி மரத்துக்குக் கிழக்கே நில். கறுப்புக் குருவியென்பதால் கேமரா தானாகவே படத்தை வெளிறவைக்கும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்துக்கொள். செல்போனில் பதிந்த குரலைப் போட்டு அதைக் கூப்பிடாதே, கூடு கட்டும் காலம் இது. குருவி பூவுக்குள் அலகை விட்டுத் தேன் குடித்துவிட்டு நிமிர்ந்து உன் பக்கம் திரும்பும். அப்போது அழுத்து.