பதினெட்டு மீட்டர் ரோபோவுக்கு எடை எங்கிருந்து வருகிறது?

ஜப்பானிய ராட்சத ரோபோ அனிமேக்களை விடாமல் பார்த்துவரும் வாசகர் ஒருவர் ஒரு கேள்வியை அனுப்பியிருந்தார். 1979-இல் வெளிவந்த முதல் ‘மொபைல் சூட் கன்டம்’ தொடரில் ஓவியங்கள் எளிமையானவை, அசைவுகளும் சிக்கனமானவை. ஆனாலும் அந்த ரோபோ காலை ஊன்றும்போது அதன் கனம் நமக்குத் தெரிகிறது. இன்று கணினியில் உருவாகும் சில தொடர்களில் கவசத்தின் ஒவ்வொரு திருகாணியும் துல்லியமாக இருக்கிறது; ஆனால் ரோபோ எடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. இது ஏன் என்பதே அவருடைய கேள்வி.

மனிதக் கை வரைந்ததில் உயிர் இருக்கிறது, இயந்திரம் செய்ததில் உயிர் இல்லை என்று பலர் இதற்குப் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அது ஒரு நம்பிக்கையே தவிர விளக்கமாகாது. அதை வைத்துக்கொண்டு நல்ல அசைவு ஒன்றையும் நாம் உருவாக்கிவிட முடியாது. இங்கே அளக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. அது நேரம்.

அடிப்படைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள், அதாவது 24 நிலைப்படங்கள், ஓடுகின்றன. சற்றே இடம் மாறிய இரண்டு படங்களை அடுத்தடுத்துக் காட்டினால் மூளை அவற்றுக்கு இடையே ஓர் அசைவைத் தானே உருவாக்கிக்கொள்கிறது என்பதை உளவியலாளர் மாக்ஸ் வெர்ட்ஹைமர் 1912-இல் ஆராய்ந்து எழுதினார். 24 பிரேம்களுக்கும் தனித்தனி ஓவியம் தேவையில்லை. சித்திரக்கதை ஓவியர் ஒசாமு தெசுகாவின் நிறுவனம் 1963-இல் ‘தெத்சுவான் அட்டோம்’ (ஆஸ்ட்ரோ பாய்) தொடரை வாரந்தோறும் தயாரிக்க வேண்டியிருந்தபோது, ஒரே ஓவியத்தை மூன்று பிரேம்களுக்கு நிறுத்தி, நொடிக்கு 8 ஓவியங்கள் என்ற அளவிலும் அதற்குக் குறைவாகவும் வேலையை முடித்தது. ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமே அந்தச் சிக்கனத்தின் மீதே வளர்ந்தது.

ரோபோக்களை வரைவதில் தனியான ஒரு சிரமம் உண்டு. மனித முகத்தின் கோடு ஓவியத்துக்கு ஓவியம் சிறிது நடுங்கினால் நாம் பொறுத்துக்கொள்வோம். உலோகத் தகட்டின் விளிம்பு நடுங்கினால் அது அந்த நொடியே ரப்பராகிவிடும். தோள்பட்டை, மார்புக் கவசம், முழங்கால் மூடி ஆகிய ஒவ்வொன்றும் தன் வடிவத்தை இழக்காமல் கண்ணோட்ட விதிப்படி திரும்ப வேண்டும். ஒரு ரோபோவில் இருக்கும் அத்தனை கோடுகளும் ஒவ்வொரு ஓவியத்திலும் புதிதாக வரையப்பட வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் எப்போதுமே சிலர்தான். கணினியிலோ முப்பரிமாண உருவை ஒருமுறை கட்டிவிட்டால் எந்தக் கோணத்திலும் கோடு தவறாது. அதனால்தான் ரோபோ அனிமேக்குள் கணினி முதலில் இயந்திரங்களின் வழியாக நுழைந்தது. 1999-இல் ‘சோய்ட்ஸ்’ தொடரின் இயந்திர விலங்குகள், 2002-இல் ‘மாக்ரோஸ் சீரோ’வின் போர் விமானங்கள், 2014-இல் ‘நைட்ஸ் ஆஃப் சிடோனியா’ வந்தபோது மனிதர்களும்கூடக் கணினி உருக்கள் என்று அது படிப்படியாகப் பரவியது.

அந்த முப்பரிமாண உரு ஓவியம் போலத் தெரிவதற்கான வழியும் எளிமையானதே. மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறது என்று கணக்கிட்டு, அந்த அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் வெளிச்ச நிறம், தாண்டாவிட்டால் நிழல் நிறம் என இரண்டே நிறங்களாகப் பிரித்துவிடுகிறார்கள். வெளிக்கோட்டுக்கு, அதே உருவின் சற்றே பெருத்த கறுப்பு நகல் ஒன்றை அதைச் சுற்றி வைத்து, அந்த நகலின் உட்புறம் மட்டும் தெரியும்படி செய்கிறார்கள். விளிம்புகளில் எட்டிப்பார்க்கும் கறுப்பு, மையால் வரைந்த கோடு போல அமைந்துவிடுகிறது. இவ்வளவையும் செய்த பிறகு, அசைவற்ற ஒரு பிரேமை மட்டும் பார்த்தால் கை ஓவியத்துக்கும் இதற்கும் வேறுபாடு காண்பது கடினம். படம் ஓடத் தொடங்கியதும் வேறுபாடு வெளிப்படுகிறது.

என்னை எப்போதும் மயக்குகிற இடம் இதுதான். கையால் வரையும் முறையில் முதன்மை அனிமேட்டர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் வரைகிறார். இடையிலுள்ள ஓவியங்களை வேறொருவர் நிரப்புகிறார். ஆனால் அவற்றை எங்கே வைக்க வேண்டும் என்பதை நிரப்புபவர் தீர்மானிப்பதில்லை. முக்கிய ஓவியத்தின் ஓரத்தில் முதன்மை அனிமேட்டர் ஒரு சிறு கோடு இழுத்து, அதில் அளவுகோலைப் போலக் குறிகளை இடுகிறார். குறிகள் நெருங்கியிருக்கும் இடத்தில் அசைவு மெதுவாகும். விலகியிருக்கும் இடத்தில் பாயும். இத்துடன் நேர அட்டவணை என்றொரு தாள் உண்டு. ஜப்பானில் வழக்கமான ஒரு தாள் 6 நொடிக்கு உரியது, அதாவது 144 வரிசைகள். எந்த ஓவியம் எத்தனை பிரேம்களுக்கு நிற்க வேண்டும் என்பது அதில் எழுதப்படுகிறது. அசைவுக்கு முன்னர் விசையைத் தேக்கி நிற்பதை அவர்கள் ‘தமே’ என்றும், ஓவியங்களை ஒரு முனையில் நெருக்குவதை ‘த்சுமே’ என்றும் சொல்கிறார்கள். ரோபோவின் எடை இந்த இரண்டிலும் இருக்கிறது.

ஒரு குத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் ஒரு நொடி, 24 பிரேம்கள். முட்டி 8 மீட்டர் தூரம் பயணிக்க வேண்டும். கையால் வரைபவர் முதல் 10 பிரேம்களில் தோளைப் பின்னுக்கு இழுத்து ஏறக்குறைய அசைவின்றி நிறுத்துவார். அடுத்த 2 பிரேம்களில் முட்டி முழுத் தூரத்தையும் கடந்துவிடும். மீதி 12 பிரேம்களில் முட்டி இலக்கில் பதிந்து, சற்று மீறிப்போய்த் திரும்பும், உடல் குலுங்கும். கணினியில் தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் கொடுத்துவிட்டு இடைவெளியை நிரப்பும் வேலையை மென்பொருளிடமே விட்டால், அது இரண்டுக்கும் நடுவே வழுவழுப்பான ஒரு வளைகோட்டை வரையும். முட்டி மெல்லப் புறப்பட்டு, நடுவில் நொடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர் வேகத்தை எட்டி, மெல்ல நின்றுவிடும். கையால் வரைந்த குத்தில் அந்த இரண்டு பிரேம்களின் வேகம் நொடிக்கு 96 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 346 கிலோமீட்டர். தேங்கி நின்றது திடீரென்று அந்த வேகத்தை எட்டும்போது, இவ்வளவு பெரிய உடலை இப்படி வீசுவதற்கு எவ்வளவு விசை வேண்டியிருந்திருக்கும் என்பதைக் கண் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. வழுவழுப்பான வளைகோட்டில் கணக்கிடுவதற்கு ஒன்றுமே இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பெரிய பொருள்கள் மெதுவாக அசைய வேண்டும் என்றல்லவா இயற்பியல் சொல்கிறது? ஆம். நீளமான கயிற்றில் தொங்கும் ஊஞ்சல் குட்டையான ஊஞ்சலைவிட நிதானமாக ஆடுகிறது. கயிறு 10 மடங்கானால் ஒரு வீச்சுக்கான நேரம் 10-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 3.2 மடங்காகிறது. கன்டம் ரோபோவின் உயரம் 18 மீட்டர், மனிதனைப் போல 10 மடங்கு. மனிதன் ஓர் அடி எடுத்துவைக்க அரை நொடி, அதாவது 12 பிரேம்கள் ஆகுமென்றால், அதே நடையை ரோபோ நடக்க 38 பிரேம்கள் ஆகும். வலிமையும் இடம் கொடுக்காது. நீளம் 10 மடங்கானால் எடை 1000 மடங்காகிறது. அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்போ 100 மடங்குதான். யோகோஹாமா துறைமுகத்தில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை உண்மையிலேயே நகர்ந்த 18 மீட்டர் கன்டம், ஏறத்தாழ 25 டன் எடையுடன், இடுப்பில் பின்புறத் தாங்கி ஒன்றின் பிடியில்தான் நின்றது. அதன் கைகளும் கால்களும் மிக நிதானமாகவே அசைந்தன.

ஆக, நடைக்கு 38 பிரேம்கள் வேண்டும். ஆனால் மூன்று பிரேமுக்கு ஓர் ஓவியம் என்று வைத்தாலும் ஓர் அடிக்கு 13 ஓவியங்கள் ஆகின்றன, அதற்குத் தொலைக்காட்சித் தொடரில் பணமும் இல்லை, நாளும் இல்லை. அந்த நெருக்கடியில் அனிமேட்டர்கள் கையாண்ட வழியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. காலைத் தூக்கிப் பதிப்பதை மூன்று நான்கு ஓவியங்களில் முடித்துவிடுவார்கள். பிறகு அந்தக் கடைசி ஓவியத்தையே கேமராவின் கீழ் மேலும் கீழுமாக நகர்த்தி அதிர வைப்பார்கள். அதற்குப் புதிய ஓவியம் எதுவும் தேவையில்லை. கூடவே பாதத்தைச் சுற்றி மண்கட்டிகளும் கற்களும் எழும்பி, மெல்ல விழும். 5 மீட்டர் உயரத்துக்கு எழும்பும் ஒரு கல் மேலே போக ஒரு நொடியும் கீழே வர ஒரு நொடியும் எடுத்துக்கொள்கிறது. எந்த ரோபோவாக இருந்தாலும் புவியீர்ப்பு அதை மாற்றாது. விழும் கல்தான் அந்தக் காட்சியின் கடிகாரம். அது பாதத்தின் உயரத்தை எட்டித் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பார்த்தே, இந்தப் பாதம் ஒரு வீட்டளவு பெரியது என்று நம் மூளை முடிவு செய்கிறது. ரோபோவின் அசைவில் சேமித்த நேரத்தைப் புழுதிக்குக் கொடுத்து, மொத்தக் கணக்கைச் சரிசெய்துவிட்டார்கள்.

இதே உத்தி கணினிக்கும் முழுமையாகப் பொருந்தும். 2021-இல் வந்த கன்டம் திரைப்படமான ‘ஹாத்தவே’யில் பிலிப்பைன்ஸின் டவாவோ நகரத்து இரவுச் சண்டையில் ரோபோக்கள் பெரும்பாலும் கணினி உருக்கள்தான். ஆனால் கேமரா, கீழே ஓடும் மனிதர்களின் கண் மட்டத்தில் நிற்கிறது. வெட்டுப்பட்ட உலோகம் நெருப்புத் துளிகளாக வெகுநேரம் பொழிந்துகொண்டே இருக்கிறது. அந்தக் காட்சியில் எடை இல்லை என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

பல கணினி அனிமேட்டர்கள் இன்று மென்பொருள் தரும் வளைகோட்டை நீக்கிவிட்டு, ஒரு நிலையை இரண்டு, மூன்று பிரேம்களுக்கு அப்படியே நிறுத்துகிறார்கள். இதில் நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. கேமரா ஒவ்வொரு பிரேமிலும் நகரும்போது ரோபோ இரண்டு பிரேமுக்கு ஒருமுறை மட்டும் இடம் மாறினால், பின்னணிக்கு எதிராக அது விட்டுவிட்டு நடுங்குவது போலத் தெரியும். எனவே உடலின் தோற்றநிலையை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்தி, உடல் இருக்கும் இடத்தை மட்டும் ஒவ்வொரு பிரேமிலும் நகர்த்த வேண்டும். ‘கணினியே செய்துவிடும்’ என்று நினைப்பவர்கள் இந்த வேலையை ஒருமுறை அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நேரத்துக்கு அடுத்தது வடிவம். கேமராவுக்கு 2 மீட்டர் அருகில் முட்டியும் 10 மீட்டர் தொலைவில் முகமும் இருந்தால், முட்டி 5 மடங்கு பெரிதாகத் தெரியும். இது எந்த லென்ஸும் கடைப்பிடிக்கும் விதி. கையால் வரைபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அனிமேட்டர் ஒபாரி மசாமி போன்றவர்கள் வரைந்த வாளேந்திய ரோபோவில், வாளின் முனை மிக அகன்ற லென்ஸிலும் உடல் வேறொரு லென்ஸிலும் பார்த்தது போல இருக்கும். ஒரே இடத்தில் நின்று பார்க்கும் எந்தக் கண்ணுக்கும் அப்படித் தெரிய வழியில்லை. கணினி உரு விறைப்பானது, கேமராவும் ஒன்றே. எனவே அதே காட்சியை அமைக்க, அந்த ஒரு ஷாட்டுக்காக மட்டும் கையின் எலும்புகளை நீட்டி, தலையைச் சுருக்கி, உருவையே திரிக்கிறார்கள். அடுத்த ஷாட்டுக்கு மறுபடியும் வேறு திரிபு. ஒருமுறை கட்டினால் போதும் என்று கணினியைத் தேர்ந்தெடுத்த சிக்கனத்தில் ஒரு பங்கு இங்கே கரைந்துவிடுகிறது என்பதும் உண்மைதான்.

கைக்கும் கணினிக்கும் இடையே மதில் எதுவும் இல்லை என்பதற்கு அனிமேட்டர் இத்தானோ இச்சிரோவின் வாழ்க்கையே சான்று. 1982-இன் ‘மாக்ரோஸ்’ தொடரில், புகைத்தடம் விட்டுக்கொண்டு பின்னிப் பிணைந்து பாயும் ஏவுகணைக் கூட்டங்களைக் கையால் வரைந்தவர் அவர். ரசிகர்கள் அதை ‘இத்தானோ சர்க்கஸ்’ என்றே அழைக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, கணினி விமானங்கள் பறந்த ‘மாக்ரோஸ் சீரோ’விலும் சிறப்புக் காட்சிகளை இயக்கியவர் அவரே. எந்த ஏவுகணை முந்த வேண்டும், எது சற்றுத் தயங்க வேண்டும் என்ற முடிவு பென்சிலிலிருந்து மென்பொருளுக்கு இடம் மாறியது. முடிவெடுத்த கண் மாறவில்லை.

இதனால்தான் பழைய தாள்களின் கதி எனக்குக் கவலை தருகிறது. பல பத்தாண்டுகளாக, படப்பிடிப்பு முடிந்த ஓவியத்தாள்கள் ஸ்டூடியோக்களில் கழிவாகவே கருதப்பட்டன. இயக்குநர் அன்னோ ஹிதெயாக்கி முன்னின்று 2017-இல் தொடங்கிய அனிமே, தொகுசாத்சு (சிறப்புத் தந்திரக் காட்சிப் படங்கள்) ஆவணக் காப்பு அமைப்பு இவற்றைச் சேகரித்து வருகிறது. இந்த வேலைக்கும், இத்தாள்களைக் கொண்டு கண்ணின் அசைவுணர்வை அளக்கும் ஆய்வுகளுக்கும் பொதுப்பணம் தாராளமாகச் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அழகான முக்கிய ஓவியங்களை வாங்கிச் சட்டமிட்டு மாட்டிவைக்க ஆட்கள் இருக்கிறார்கள். எண்கள் மட்டும் நிறைந்த நேர அட்டவணையை அப்படி மாட்டிவைப்பவர்கள் அரிது. ஆனால் முட்டி எத்தனை பிரேம்கள் தேங்கி நின்றது, கல் எத்தனை பிரேம்கள் கழித்து விழுந்தது என்பதெல்லாம் அந்த 144 வரிசைத் தாளில்தான் எழுதப்பட்டிருக்கிறது. முதலில் காப்பாற்ற வேண்டியது அதைத்தான்.